பத்து மீட்டரில் பறிபோகும் புள்ளிகள்: ஏர் ரைஃபிள் போட்டிக்குப் போகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

10 மீட்டர் ஏர் ரைஃபிள் இலக்கின் நடுவில் ஒரு வெள்ளைப் புள்ளி இருக்கும். அதன் குறுக்களவு அரை மில்லிமீட்டர். கோலத்துக்கு வைக்கிற புள்ளி அதைவிடப் பல மடங்கு பெரியது. நாம் சுடுகிற பெல்லட் என்ற ஈயக் குண்டோ 4.5 மில்லிமீட்டர். பெல்லட்டின் ஓரம் அந்தப் புள்ளியைத் தொட்டால் 10.0. பெல்லட்டின் மையம் இலக்கின் மையத்திலிருந்து கால் மில்லிமீட்டருக்குள் விழுந்தால் 10.9. இதற்கு மேல் மதிப்பெண் கிடையாது. 60 ஷாட், அதிகபட்சம் 654.

கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் 2024 பாரிஸ் ஒலிம்பிக் தகுதிச் சுற்றில் எடுத்தது 630.7. ஒரு ஷாட்டுக்குச் சராசரி பத்தரைக்கு மேல். அப்படிச் சுட்டும் அவருக்குக் கிடைத்தது 10-ஆவது இடம். இறுதிச் சுற்றுக்குப் போவது 8 பேர்தான். இந்த விளையாட்டில் சின்னத் தவறு என்று ஒன்று கிடையாது என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

நான் சில ஆண்டுகள் மாவட்ட, மாநிலப் போட்டிகளில் சுட்டவன். இப்போது வார இறுதிகளில் ரேஞ்சுக்கு (துப்பாக்கி சுடும் பயிற்சிக் கூடத்துக்கு) வரும் பிள்ளைகளுக்கு உதவுகிறேன். புதிதாக வருகிற எல்லோரும் ஏறக்குறைய ஒரே இடங்களில்தான் புள்ளியை விடுகிறார்கள். நானும் அங்கேதான் விட்டேன். துப்பாக்கி தானாகச் செய்ய வேண்டியதை நாம் வலிந்து செய்யப் போகிற இடங்கள் அவை.

முதல் தவறு, கையால் குறி பார்ப்பது. துப்பாக்கி இலக்குக்குச் சற்று இடப்பக்கம் பார்க்கிறது என்று வையுங்கள். புதியவர் தோளையும் கையையும் இறுக்கி அதை வலப்பக்கம் இழுத்துக்கொண்டு வருவார். குழல் முனையில் உள்ள ஃப்ரண்ட் சைட் வளையத்துக்குள் இலக்கின் கறுப்பு வட்டம் அழகாக உட்காரும். டிரிகரை அழுத்தும் நொடியில் உடம்பு கொஞ்சம் தளரும். துப்பாக்கி தன் இயல்பான இடத்துக்கே திரும்பப் பார்க்கும். ஷாட் இடப்பக்கம் 9.4. ‘சரியாகத்தானே பிடித்தேன்’ என்பார். பிடித்தது உண்மைதான். ஆனால் அவர் பிடித்து நிறுத்திய இடமும் துப்பாக்கி நிற்க விரும்பிய இடமும் வேறு வேறு.

இதைச் சரிபார்க்க ஒரு எளிய வழி உண்டு. நின்று, துப்பாக்கியைத் தூக்கி, கன்னத்தை வைத்துக் குறி பாருங்கள். கண்ணை மூடுங்கள். இரண்டு முறை மூச்சை இழுத்து விட்டு உடம்பைத் தளர்த்துங்கள். கண்ணைத் திறங்கள். துப்பாக்கி இப்போது எங்கே பார்க்கிறதோ அதுதான் அதன் இயல்பான இடம். அது பக்கவாட்டில் விலகியிருந்தால் கையைத் தொடாதீர்கள், பாதத்தை நகர்த்துங்கள். பின்கால் அரை அங்குலம் நகர்ந்தாலே 10 மீட்டரில் பெரிய வித்தியாசம் தெரியும். மேலே கீழே விலகியிருந்தால் துப்பாக்கியைத் தாங்கும் கையை வைக்கும் இடத்தையோ, தோளில் பதியும் பின்கட்டையின் உயரத்தையோ மாற்றுங்கள். தாங்கும் கையின் முழங்கை இடுப்பெலும்பில் உட்கார வேண்டும். ஐந்து கிலோ எடையை எலும்பு தாங்கட்டும். எலும்பு சோர்ந்து போவதில்லை. தசை இருபதாவது ஷாட்டிலேயே நடுங்க ஆரம்பித்துவிடும்.

இதைப் பயிற்சியின் தொடக்கத்தில் ஒரு தடவை செய்துவிட்டு மறந்துவிடுகிறார்கள். தண்ணீர் குடிக்கப் போய்விட்டு வந்தாலும், துப்பாக்கியை ஸ்டாண்டில் வைத்து உட்கார்ந்து எழுந்தாலும் திரும்பச் செய்ய வேண்டும். பாதம் இருந்த இடத்தில் மறுபடி அப்படியே வந்து நிற்பதில்லை.

அடுத்தது, அசையாமல் நிற்கக் காத்திருப்பது. நின்று சுடும்போது துப்பாக்கி அசையத்தான் செய்யும்; உலகச் சாம்பியனுக்கும் அசையும், அவருக்குக் குறைவாக அசையும், அவ்வளவுதான். புதியவர்கள் அந்த அசைவு நிற்கட்டும் என்று காத்திருப்பார்கள். ஐந்து நொடி, பத்து நொடி, பதினைந்து நொடி. அதற்குள் கண்ணில் பிம்பம் ஒட்டிக்கொள்ளும்: இலக்கு நகர்ந்திருக்கும், பழைய படமே கண்ணில் நிற்கும். அடக்கிய மூச்சு வேறு நெஞ்சில் முட்டும். சரி, இப்போதாவது போகட்டும் என்று அழுத்துவார்கள். அந்த ஷாட் பெரும்பாலும் கெட்டுப்போகும்.

துப்பாக்கி இலக்கில் வந்து அமர்ந்த பிறகு வரும் நாலைந்து நொடிகள்தான் நல்ல நேரம். எட்டு, பத்து நொடிக்குள் போகாத ஷாட்டைக் கீழே இறக்கிவிடுங்கள். ஒரு போட்டியில் பத்துப் பதினைந்து முறை இறக்கினாலும் தவறில்லை. சுடாமல் இறக்கியதற்கு யாரும் புள்ளியைக் குறைப்பதில்லை. இதைப் பிள்ளைகளுக்குச் சொல்லிச் சொல்லி எனக்கு அலுக்கவே இல்லை, ஏனென்றால் இறக்குவதற்குத்தான் அதிகத் துணிச்சல் வேண்டியிருக்கிறது.

இதற்கு நேர் எதிரான தவறும் உண்டு. வட்டம் நடுவில் வந்துவிட்டது என்று தெரிந்த நொடியில் டக்கென்று விரலை இழுப்பது. ஏர் ரைஃபிள் டிரிகர் மிக மெல்லியது. மூக்கில் ஈ உட்காருகிற கனம்கூட அதற்கு அதிகம் என்று எங்கள் கோச் சொல்வார். அப்படிப்பட்ட டிரிகரை அடித்தால் துப்பாக்கி முழுவதும் ஆடும். குறி உள்ளே வரும்போதே முதல் கட்ட அழுத்தத்தை எடுத்துவிட்டு, மீதியை மெதுவாகக் கூட்டிக்கொண்டே போக வேண்டும். ஷாட் போன பிறகும் ஒன்றிரண்டு நொடி அப்படியே நின்று வளையத்தைப் பார்த்துக்கொண்டிருங்கள். பெல்லட் குழலுக்குள் ஓடி வெளியேறவும் நேரம் ஆகிறது. அதற்குள் தலையைத் தூக்கி மானிட்டரைப் பார்த்தால் குழலும் கூடவே நகரும். ஷாட் எங்கே போனது என்று மானிட்டர் சொல்வதற்கு முன் நீங்களே சொல்லிப் பாருங்கள். நீங்கள் சொல்வதும் மானிட்டர் காட்டுவதும் ஒத்துப்போகத் தொடங்கினால் கற்றுக்கொண்டீர்கள் என்று பொருள்.

மறு கண்ணை இறுக மூடிக்கொண்டு சுடுவதை விடுங்கள். மூடிய கண்ணின் இறுக்கம் திறந்த கண்ணுக்கும் வரும். 3 சென்டிமீட்டர் அகலத்துக்குள் ஒரு மறைப்பு அட்டை வைத்துக்கொள்ள விதி அனுமதிக்கிறது. ஃப்ரண்ட் சைட் வளையத்தையும் மிகச் சின்னதாக வைக்காதீர்கள். சின்ன வளையம் துல்லியம் தரும் என்று தோன்றும். ஆனால் கறுப்பு வட்டத்தைச் சுற்றி நல்ல வெள்ளை விளிம்பு தெரியாவிட்டால், வட்டம் மையத்தில் இருக்கிறதா இல்லையா என்று கண் தடுமாறும், விரல் தயங்கும்.

ஒரு ஷாட் 9 போனதும் குறியைச் சரிசெய்யும் சைட் திருகைத் திருப்புவது இன்னொரு நோய். அந்த ஷாட் உங்கள் தவறா, சைட்டின் தவறா என்று ஒற்றை ஷாட்டில் தெரியாது. நன்றாகச் சுட்டதாக நீங்கள் நம்புகிற மூன்று நான்கு ஷாட் ஒரே பக்கத்தில் கூடினால் மட்டும் திருகைத் திருப்புங்கள். இல்லையென்றால் ஷாட்டைத் துரத்திக்கொண்டே போய்ப் பத்துப் புள்ளிகளைத் தொலைப்பீர்கள்.

இனி பெல்லட். இதில் பணமும் போகும், புள்ளியும் போகும். ‘அந்த அண்ணன் இந்தப் பெட்டிதான் வைத்திருக்கிறார்’ என்று அதே பெயரில் வாங்குவார்கள். ஆனால் பெயரைவிட முக்கியம் பெட்டியில் அச்சிட்டிருக்கும் அளவும் தயாரிப்புத் தொகுதி எண்ணும். போட்டி பெல்லட்டின் தலை 4.49, 4.50, 4.51 என்று நூறில் ஒரு மில்லிமீட்டர் வித்தியாசத்தில் வருகிறது. எந்தக் குழலுக்கு எது பிடிக்கும் என்று பார்த்துச் சொல்ல முடியாது. சுட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். துப்பாக்கியைப் பிடிப்பானில் இறுக்கிப் பொருத்தி, ஒவ்வொரு வகையிலும் பத்துப் பத்து சுட்டு, எது நெருக்கமாகக் கூடுகிறது என்று பார்ப்பார்கள். தோளில் வைத்துச் சுட்டு பெல்லட்டைச் சோதிக்காதீர்கள். அங்கே சோதனைக்கு உள்ளாவது உங்கள் கைதான். பொருந்தும் தொகுதி கிடைத்ததும் அந்தப் பருவம் முழுவதற்கும் அதையே மொத்தமாக வாங்கிவிடுங்கள். பாதிப் பெட்டி அது, பாதிப் பெட்டி இது என்று கலப்பது போட்டியின் நடுவில் துப்பாக்கியை மாற்றுவதற்குச் சமம்.

ஈயம் மிருதுவானது. கீழே விழுந்த பெல்லட்டைத் துடைத்துப் போடாதீர்கள், பாவாடைபோல் விரிந்த அதன் பின்பக்க விளிம்பு கண்ணுக்குத் தெரியாமல் நசுங்கியிருக்கும். சுட்டு முடித்ததும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுத்தான் சாப்பாட்டில் கை வைக்க வேண்டும். இதில் நான் பிள்ளைகளிடம் கண்டிப்பாகவே இருக்கிறேன்.

50 மீட்டருக்குப் போகிறவர்கள், ‘தோட்டாவை நாமே நிரப்பிக்கொள்ளலாமா, செலவு குறையுமே’ என்று கேட்பதுண்டு. பாயிண்ட் 22 தோட்டாவில் அது நடக்காது. அதில் தீப்பற்றும் மருந்து (ப்ரைமர்) தோட்டாக் கூட்டின் அடி விளிம்புக்குள்ளேயே இருக்கிறது. துப்பாக்கியின் சுடும் ஊசி அந்த விளிம்பை நசுக்கித்தான் வெடிக்கவைக்கிறது. ஒரு தடவை சுட்ட கூடு அதோடு முடிந்தது. அங்கும் செய்யக்கூடியது தொகுதி பார்த்து வாங்குவதுதான். தோட்டாவைக் கையால் நிரப்பும் வழக்கம் ப்ரைமர் அடியின் நடுவில் இருக்கும் தோட்டா பயன்படும் 300 மீட்டர் போன்ற நெடுந்தூரப் போட்டிகளைச் சேர்ந்தது. ஒலிம்பிக்கில் 300 மீட்டர் கடைசியாக நடந்தது 1972 மியூனிக்கில். அதைச் செய்கிற நாடுகளில் திரும்பத் திரும்பச் சொல்லப்படும் எச்சரிக்கைகள் மூன்று: மேசையில் ஒரே நேரத்தில் இரண்டு வகை வெடிமருந்து டப்பாவை வைக்காதே, கவனம் சிதறி ஒரே கூட்டில் இரண்டு முறை மருந்து போட்டுவிடாதே, இன்னொருவர் துப்பாக்கிக்குச் சரியாக இருந்த அளவை உன் துப்பாக்கிக்கு எடுக்காதே. இம்மூன்றில் எதில் பிசகினாலும் துப்பாக்கியே கையில் வெடிக்கக்கூடும். நம் ஊரில் உரிய அனுமதி இல்லாமல் இதில் இறங்குவது சட்டப்படியும் குற்றம். ஆர்வக் கோளாறில் யூடியூப் பார்த்துத் தொடாதீர்கள்.

பழைய துப்பாக்கி வாங்குகிற பெற்றோருக்கு ஒன்று. காற்று சிலிண்டரில் தயாரிப்புத் தேதி பொறித்திருக்கும். பத்து ஆண்டு தாண்டிய சிலிண்டரைப் போட்டியில் ஏற்க மாட்டார்கள். விலை சல்லிசு என்று வாங்கிவிட்டு, பரிசோதனை மேசையில் பிள்ளை அழுது நின்றதைப் பார்த்திருக்கிறேன். துப்பாக்கியின் கீறலைப் பார்ப்பதற்கு முன் அந்தத் தேதியைப் பாருங்கள். சுடும்போது அணியும் ஜாக்கெட்டின் விறைப்புக்கும் தடிமனுக்கும் ஷூ அடிப்பாகம் வளைவதற்கும் அளவு உண்டு. போட்டி முடிந்த பிறகும் திடீர்ப் பரிசோதனை வரும், அதில் தோற்றால் தகுதி நீக்கம்தான். ஜாக்கெட் துணி குளிரிலும் வறண்ட காற்றிலும் விறைப்பாகும். சென்னையில் நூலிழையில் தேறியது, டிசம்பர் மாத டெல்லியில் தேறாமல் போகலாம்.

உதிரிப் பொருள்களையும் எடுத்துக்கொள்ளுங்கள். டோக்கியோ ஒலிம்பிக்கில் மனு பாகரின் பிஸ்டல் 10 மீட்டர் தகுதிச் சுற்றின் நடுவில் பழுதானது. அதைச் சரிசெய்வதில் போன நிமிடங்களுக்குப் பிறகு அவசரமாகச் சுட்டு 575 எடுத்தார். இரண்டு புள்ளியில் இறுதிச் சுற்று தவறியது.

போட்டி நாளில் வயிறு நிறைய பொங்கல் சாப்பிட்டு வராதீர்கள், காபியைக் கூட்டாதீர்கள், புதிய கையுறையை அன்றைக்கு முதல்முறை போடாதீர்கள். இவையெல்லாம் எல்லோருக்கும் தெரிந்ததே. நேரக் கணக்குதான் பலருக்குத் தெரிவதில்லை. தயாராவதற்கும் சோதனை ஷாட்டுக்கும் 15 நிமிடம். அதில் சோதனை ஷாட் எத்தனையும் சுடலாம். போட்டி தொடங்கியபின் ஒன்றுகூட முடியாது. பிறகு 60 ஷாட்டுக்கு 75 நிமிடம். பதற்றத்தில் பலர் 40 நிமிடத்தில் முடித்துவிட்டு வெளியே வந்து நிற்பார்கள். மீதி 35 நிமிடம் அவர்களுடையதுதான், யாரிடமிருந்தும் கடன் வாங்கவில்லை. இரண்டு ஷாட் மோசமாகப் போனால் துப்பாக்கியை வைத்துவிட்டு உட்காருங்கள். லேனை (நீங்கள் நின்று சுடும் இடத்தை) விட்டு வெளியே வந்து கோச்சிடம் பேசலாம். லேனில் நிற்கும்போது அவர் வாயால் எதுவும் சொல்லக் கூடாது.

கடைசி பத்து ஷாட்டில் கணக்குப் போடாதீர்கள். ‘இன்னும் நான்கு 10 போதும்’ என்று மனசு கூட்டத் தொடங்கினால் விரல் மரத்துவிடும். மேத்யூ எமன்ஸ் என்ற அமெரிக்கருக்கு 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் 50 மீட்டர் மூன்று நிலைப் போட்டியில் (மண்டியிட்டும் படுத்தும் நின்றும் சுடுவது) ஒரே ஒரு ஷாட் பாக்கி. தங்கத்துக்கு 7.2 போதும். அவர் சுட்டது தங்கத்துக்குப் போதுமான ஷாட்தான், ஆனால் தன் இரண்டாம் லேனில் நின்றுகொண்டு மூன்றாம் லேன் இலக்கைச் சுட்டுவிட்டார். பக்கத்து இலக்கில் விழுந்தது அவருக்குப் பூஜ்ஜியம். முதலிடத்திலிருந்து எட்டாமிடம். தங்கம் சீனாவின் ஜியா ஜான்போவுக்குப் போனது. எமன்ஸ் வழக்கமாக இலக்குக்கு மேலே உள்ள எண்ணைப் பார்த்துவிட்டுத்தான் துப்பாக்கியை இலக்குக்கு இறக்குவார். அன்று படபடப்பை அடக்குவதிலேயே கவனம் போய், அந்த ஒரு பார்வை விட்டுப்போயிற்று.

நான்காண்டு கழித்து பெய்ஜிங்கில் அதே போட்டி, அதே கடைசி ஷாட். குறி முழுதாக அமர்வதற்குள் விரல் டிரிகரைத் தொட்டுவிட்டது. 4.4. மறுபடியும் தங்கம் போய் நான்காமிடம். 2012 லண்டனிலும் கடைசி ஷாட் 7.6 தான், ஆனாலும் வெண்கலத்தோடு இறங்கினார். ஏதென்ஸில் தோற்ற அன்று வந்து ஆறுதல் சொன்ன செக் வீராங்கனை கதெரீனா குர்கோவாதான் பின்னர் அவர் மனைவியானார்.

அந்த ஏதென்ஸ் ஷாட்டைப் படித்த நாளிலிருந்து, லேனுக்குப் போனதும் என் எண்ணை ஒரு ஸ்டிக்கரில் எழுதி, பெல்லட் பெட்டியின் மூடிக்குள் ஒட்டிவைக்கிறேன். ஒவ்வொரு பெல்லட்டை எடுக்கும்போதும் அது கண்ணில் படும். துப்பாக்கியைத் தூக்கியதும் முதலில் இலக்கின் மேலுள்ள எண், அப்புறம்தான் இலக்கு. என்னிடம் வரும் பிள்ளைகளும் இப்போது மூடிக்குள் ஒட்டுகிறார்கள்.