பைரைட் தாதுவில் தங்கம், வெள்ளி சோதனை: தவிர்க்க வேண்டிய தவறுகள்

குவார்ட்ஸ் தாதுவுக்குப் பழகிய ஃபிளக்ஸ் (தாதுவை உருக்கிக் கசடாக்கச் சேர்க்கும் பொருள்கள்) கலவையை அப்படியே பைரைட் (இரும்பும் கந்தகமும் சேர்ந்த கனிமம்) நிறைந்த தாதுவுக்கும் போடுகிறார்கள். தாதுவை உருக்கித் தங்கம், வெள்ளியின் அளவைக் கண்டறியும் ஃபயர் அஸ்ஸேயில் பாதிக் கோளாறு அங்கேயே தொடங்கிவிடுகிறது.

கோதுமை மாவு சேர்ப்பது எதற்கு? கலவையில் உள்ள லித்தார்ஜை (ஈய ஆக்சைடை) ஈயமாக மாற்றத்தான்; அந்த ஈயம்தான் தங்கத்தையும் வெள்ளியையும் சேர்த்து எடுக்கும். பைரைட்டும் அதே வேலையைச் செய்யும். 1 கிராம் பைரைட் ஏறக்குறைய 10 கிராம் ஈயம் தரும். 30 கிராம் மாதிரியில் 20 சதவீதம் பைரைட் இருந்தாலே 60 கிராம் ஈயம். நமக்குத் தேவையோ அதில் பாதிதான். இதற்கு மேல் மாவு எதற்கு?

லித்தார்ஜ் போதாமல் போனால் இன்னும் மோசம். மிஞ்சிய கந்தகம் இரும்போடும் ஈயத்தோடும் சேர்ந்து மேட் (உலோக சல்ஃபைடு கலவை) ஆகிவிடும். அச்சில் ஊற்றி ஆறியதும் உடைத்துப் பாருங்கள். மேலே கண்ணாடிக் கசடு, அடியில் ஈயக் கட்டி, நடுவே சாம்பல் நிறத்தில், சுத்தியல் பட்டதும் நொறுங்கும் ஓர் அடுக்கு. அதைக் கசடோடு தட்டி எறிந்துவிடுகிறார்கள். தங்கமும் வெள்ளியும் அதற்குள் போயிருக்கும்! மேட் கண்ணில் பட்டால் அந்த முடிவைப் பதிவு செய்யவே கூடாது.

சரி, என்ன செய்யலாம்? முதலில் மாதிரியைப் பாதியாக்குங்கள். 15 கிராமில் 3 கிராம் பைரைட், சுமார் 30 கிராம் ஈயம், மாவே வேண்டாம். முழு 30 கிராமும் வேண்டுமென்றால் இரண்டு மூசையாக (உருக்கும் பாத்திரமாக) பிரித்து வையுங்கள். வெடியுப்பு (பொட்டாசியம் நைட்ரேட்) போட்டும் சரிக்கட்டலாம். 1 கிராம் சுமார் 4 கிராம் ஈயத்தைக் குறைக்கும். அளவு மீறினால் மூசை பொங்கி வழியும்.

வறுத்துக் கந்தகத்தைப் போக்குபவர்கள் அவசரப்படக் கூடாது. சூடான உலையில் நேராக வைத்தால் துகள்கள் உருகி ஒட்டி, கந்தகம் உள்ளேயே தங்கிவிடும். ஆர்சனிக் கலந்த தாதுவோ வேகமாகப் புகைந்தால் தங்கத்தையும் இழுத்துப் போகும். அந்தப் புகை கொடிய விஷம்; புகைபோக்கி இல்லாத இடத்தில் தொடவே வேண்டாம்.

அடுத்து, ஈயக் கட்டியை உருக்கி ஈயத்தைப் போக்கும் கியூப்பல் கிண்ணத்தில் சூடு ஏறினால் வெள்ளி இழப்பு கூடும். விளிம்பில் லித்தார்ஜ் படிகங்கள் இறகு போலப் படிந்தால் சூடு சரி. அப்புறம், நைட்ரிக் அமிலத்தில் தங்கத்தையும் வெள்ளியையும் பிரிக்க, கியூப்பலில் மிஞ்சும் உலோக மணியில் தங்கத்தைப் போல மூன்று மடங்காவது வெள்ளி இருக்க வேண்டும். குறைந்தால் வெள்ளி முழுவதும் கரையாது, தங்கக் கணக்கு கூடிவிடும்.

லித்தார்ஜிலும் கொஞ்சம் வெள்ளி இருக்கலாம். புது மூட்டை பிரிக்கும்போதெல்லாம் தாது இல்லாமல் ஒரு சோதனை வைத்து, வரும் வெள்ளியைக் கணக்கில் கழித்துக்கொள்ளுங்கள்.