ஆலை இல்லாத இடத்தில் ஆலையைக் காட்டுவது: தேக்காவிலிருந்து கல்லாங் வரை ஒரு கள நடை

பழைய தொழில் நகரம் என்றால் புகைபோக்கி, துருவேறிய தகரக் கூரை, பூட்டிய பெரிய வாயில் என்று ஏதாவது மிஞ்சியிருக்கும். சிங்கப்பூரில் அவற்றைத் தேடி மாணவர் குழுவை அழைத்துப் போனால் கால்தான் வலிக்கும். இங்கே தொழிற்சாலை நிலம் பெரும்பாலும் குத்தகை நிலம். கெடு முடிந்தால் இடித்துக் காலி செய்து திருப்பிக் கொடுக்க வேண்டியதுதான். ஆலை துருப்பிடிக்க நேரமே கிடைப்பதில்லை.

இன்னொன்றையும் முதலிலேயே தெளிவாக்கிவிடுங்கள். "தொழில் செத்த நகரம்" என்று மாணவர்களிடம் சொல்லாதீர்கள், அது தவறு. நாட்டின் மொத்த உற்பத்தியில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு இன்றும் ஆலைகளிலிருந்துதான் வருகிறது. நகர நடுவில் இருந்தவை தீவின் ஓரங்களிலுள்ள ஜூரோங்குக்கும் துவாஸுக்கும் செனோக்கோவுக்கும் போய்விட்டன. நடை காட்ட வேண்டியது அந்த இடப்பெயர்ச்சியை.

ஆகவே சாட்சிகளை வேறு இடத்தில் தேட வேண்டும்: தெருப்பெயர், மண், மனைகளின் வடிவம், தண்ணீர். விரல் நீட்டிக் காட்ட ஒன்றும் இல்லாத இடத்தில் குழுவை நிறுத்தாதீர்கள். "இங்கேதான் முன்பு..." என்று வெறும் புல்தரையைப் பார்த்துப் பேசும் வழிகாட்டியை மூன்றாவது நிமிடத்திலேயே குழு கைவிட்டுக் கைப்பேசியை எடுத்துவிடும்.

மேசையில் செய்ய வேண்டியது

தேசிய ஆவணக் காப்பகத்தின் இணையத்தளத்தில் பழைய நில வரைபடங்கள் கிடைக்கின்றன. தேக்காவும் (லிட்டில் இந்தியா வட்டாரம்) கல்லாங் ஆற்றின் முகத்துவாரமும் ஒன்றாகத் தெரியும் ஒரு தாளைத் தேர்ந்தெடுங்கள். இன்றைய வரைபடத்தை அரசின் இணைய வரைபடமான ஒன்மேப்பிலிருந்து அதே அளவுத்திட்டத்தில் எடுங்கள். பழையதை ஒளி ஊடுருவும் தாளில் அச்சிட்டு, புதியதன்மேல் வைத்துப் பொருத்துங்கள்.

தவறு நடப்பது பொருத்தும்போதுதான். பலரும் கடற்கரைக் கோட்டை வைத்துப் பொருத்துகிறார்கள். இங்கே கடலோரம்தான் அதிகம் மாறியது. கடலை மண் கொட்டி நிரப்பும் நிலமீட்பு அதை வெகுதூரம் தள்ளிவிட்டது. சிராங்கூன் சாலையின் தென்முனை, ஜாலான் புசாரும் கால்வாயும் சந்திக்கும் இடம், லெவண்டர் ஸ்திரீட் சந்திப்பு போன்ற இடம் மாறாத மூன்று புள்ளிகளை எடுங்கள். இரண்டு போதாது; பழைய தாள் ஸ்கேன் செய்யும்போது ஒரு பக்கமாக இழுபட்டிருந்தால் மூன்றாவது புள்ளிதான் அதைக் காட்டிக்கொடுக்கும்.

அடுத்து, நகர மறுசீரமைப்பு ஆணையத்தின் பெருந்திட்ட வரைபடத்தில் பாதையைச் சுற்றியுள்ள மனைகளின் வகையைக் குறியுங்கள். தொழிலுக்கு ஒதுக்கிய மனைகள் பி1, பி2 என இருவகை. சுற்றுப்புறத்துக்குத் தரும் தொல்லை 50 மீட்டருக்குள் அடங்கும் தொழில் பி1. அதைவிட அகலமான இடைவெளி தேவைப்படுவது பி2. வீடுகளுக்கு நடுவே பி1 மட்டும் மிஞ்சியிருப்பதை மாணவர்களே கண்டுபிடிக்கட்டும்.

நேரக் கணக்கு

பாதை ஏறக்குறைய 4 கிலோமீட்டர். தனியாள் ஒரு மணி நேரத்தில் முடித்துவிடுவார். 20 பேர் கொண்ட குழு மணிக்கு 2.5 கிலோமீட்டருக்கு மேல் போகாது, ஏனென்றால் ஒவ்வொரு சமிக்ஞை விளக்கிலும் குழு இரண்டாகப் பிரியும். நடைக்கு 96 நிமிடம், 6 நிமிட நிறுத்தங்கள் 7 என்றால் 42 நிமிடம், அளவீடுகளுக்கு 30 நிமிடம்: மொத்தம் மூன்று மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு. காலை 7.45க்குத் தொடங்கினால் வெயில் உச்சிக்கு ஏறுமுன் முடிந்துவிடும். முன்னால் ஒருவர், கடைசியில் ஒருவர். கடைசி ஆள் சாலையைக் கடக்கும்வரை முன்னவர் பேச்சைத் தொடங்கக்கூடாது.

ஞாயிற்றுக்கிழமை வேண்டாம். வெளிநாட்டு ஊழியர்களுக்கு வாரத்தில் கிடைக்கும் ஓய்வு நாளில் அவர்களைக் காட்சிப்பொருளாக்கிப் படம் பிடிப்பது அழகில்லை. நெரிசலில் உங்கள் எண்ணிக்கையும் பிழையாகும். தீபாவளிக்கு முந்திய வாரங்களும் அப்படித்தான்; சந்தைக் கூட்டம் எல்லா அளவையும் கெடுத்துவிடும்.

தேக்காவிலிருந்து சுண்ணாம்புக் கம்பம்

லிட்டில் இந்தியா எம்ஆர்டி ரயில் நிலையத்தில் பஃப்ளோ ரோட்டுப் பக்கம் வெளியேறுங்கள். முதல் நிறுத்தம் அந்தத் தெருப்பலகைதான். அடுத்த தெரு கெர்பாவ் ரோடு. கெர்பாவ் என்றால் மலாயில் எருமை. ஆங்கிலத்திலும் மலாயிலும் அருகருகே இரண்டு எருமைத் தெருக்கள். கேகே மருத்துவமனை என்று நாம் சுருக்கிச் சொல்வதும் கண்டாங் கெர்பாவ், அதாவது எருமைக் கொட்டில். ரோச்சோர் ஆற்றின் தண்ணீரும் சதுப்பில் வளர்ந்த புல்லும்தான் மாட்டு வியாபாரத்தை இங்கே இழுத்தன. சதுப்பை வற்றவைக்க வற்றவைக்க அந்தத் தொழிலும் ஒடுங்கிப்போனது. பக்கத்திலுள்ள பெலிலியோஸ் ரோடு, கல்கத்தாவிலிருந்து வந்த ஒரு மாட்டு வியாபாரியின் பெயரைத் தாங்கி நிற்கிறது.

கெர்பாவ் ரோட்டில் பல வண்ணம் பூசிய வீட்டின் முன் எல்லாரும் படம் எடுப்பார்கள். எடுக்கட்டும், இரண்டு நிமிடம் கொடுங்கள். பிறகு வண்ணத்தை மறந்துவிட்டு வீட்டின் அளவைப் பார்க்கச் சொல்லுங்கள். 1900இல் கட்டப்பட்ட இந்த வீட்டின் உரிமையாளர் டான் டெங் நியா, சிராங்கூன் சாலையோரம் மிட்டாய் ஆலைகள் நடத்தியவர். முதலாளி ஆலைக்கு எவ்வளவு அருகில் குடியிருந்தார் என்பதே ஒரு புவியியல் கேள்வி. இன்று துவாஸில் ஆலை வைத்திருப்பவர் எங்கே குடியிருப்பார் என்று திருப்பிக் கேளுங்கள்.

மூன்றாவது நிறுத்தம் ஸ்ரீ வீரமாகாளியம்மன் கோயில். பழைய தலைமுறைக்கு இது சுண்ணாம்புக் கம்பத்துக் கோயில்; கம்பம் என்றால் இங்கே கிராமம். இப்பகுதியில் சுண்ணாம்புச் சூளைகள் இருந்தன. அங்கே வேலை செய்தவர்கள் வழிபட்ட இடம் இது. எதிர்ப்பக்கம் வீராசாமி ரோடு வழியாகப் போனால் கம்போங் காப்போர் ரோடு வரும். காப்போர் என்பதும் சுண்ணாம்பே. தமிழ்ப் பெயர் பேச்சிலிருந்து மறைய, மலாய்ப் பெயர் மட்டும் பலகையில் நிலைத்துவிட்டது. தமிழில் வழிநடத்தும் குழுவுக்கு இதைவிட நல்ல இடம் பாதையில் வேறில்லை. இங்கே மட்டும் 10 நிமிடம் எடுத்துக்கொள்ளுங்கள், வேறொரு நிறுத்தத்தில் குறைத்துக்கொள்ளலாம்.

சுண்ணாம்பு எதற்கு என்று கேட்பார்கள். கிளிஞ்சல் சுண்ணாம்போடு முட்டையின் வெள்ளைக்கருவும் நாட்டுச் சர்க்கரையும் சேர்த்துக் குழைத்து, தேங்காய் மட்டை ஊறிய நீர் விட்டுப் பதப்படுத்திய மெட்ராஸ் சாந்து 1862இல் அர்ப்பணிக்கப்பட்ட செயின்ட் ஆண்ட்ரூஸ் பேராலயத்தின் சுவர்களில் பூசப்பட்டது. அதைக் கட்டிய கைகள் இந்தியக் கைதிகளுடையவை.

நீரோடு போகும் பகுதி

ஜாலான் புசாரில் திரும்பிப் பெர்சே உணவங்காடியில் தண்ணீருக்கும் கழிவறைக்கும் 10 நிமிடம் கொடுங்கள். மேலே சொன்ன கணக்கில் இது சேராது, மறந்துவிட வேண்டாம். பிறகு சுங்கை ரோடு. சுங்கை என்றால் ஆறு. இன்று கான்கிரீட் கரைகளுக்கு நடுவே கால்வாயாக ஓடுவது அந்த ஆறுதான். 2017 ஜூலை 10 வரை பழம்பொருள் சந்தை நடந்ததும் இங்கே. சீனர்கள் இவ்விடத்தை உறைபனிப் பாலம் என்று பொருள்படும் பெயரில் அழைத்தார்கள். அருகில் பனிக்கட்டி ஆலை இருந்தது.

கால்வாயோடு கிழக்கே நடந்து பீச் ரோட்டுக்கு வாருங்கள். பீச் எங்கே என்று கேளுங்கள். ஒன்றிரண்டு பேராவது கடலைத் தேடுவார்கள். இங்கே ஒளித்தாள் வரைபடத்தைக் கையில் கொடுங்கள். பழைய கரை காலடியில் கிடக்கும்.

மண்ணைப் பற்றிப் பேசவும் இதுவே இடம். அடியில் கிடப்பது மிருதுவான கடற்களிமண். புவியமைப்பியலார் அதற்கு வைத்த பெயரே கல்லாங் படிவம். 2004 ஏப்ரல் 20இல் சற்றுத் தள்ளி நிக்கல் நெடுஞ்சாலையில், எம்ஆர்டி பாதைக்காகத் தோண்டிய குழி இந்தக் களிமண்ணில் இடிந்து விழுந்து 4 பேர் உயிரிழந்தனர். களிமண்ணைக் கண்ணால் காட்ட முடியாது, அதன் வேலையைக் காட்டலாம். ஆழக் கடைக்கால் போட்ட கட்டடம் அசையாமல் நிற்க, அதை ஒட்டிய நடைபாதை மெல்ல அமிழும். சுவரோரம் விரிசலோ பின்னால் போட்ட சாய்தளமோ இருந்தால் அளவுகோலால் இறக்கத்தை மில்லிமீட்டரில் எடுங்கள். ஒரே இடத்தில் எடுத்துவிட்டு முடிவு கட்டாதீர்கள். சரியாகக் கெட்டிப்படுத்தாத மண்ணும், மரவேரும் இதே தோற்றத்தைத் தரும். ஐந்து இடங்களாவது வேண்டும்.

கடைசி நிறுத்தம் கம்போங் புகிஸ். 1862இல் எழுந்த கல்லாங் எரிவாயு ஆலை இங்கேதான் இருந்தது. 1864 மே 24 மாலை நகரத் தெருக்களில் முதன்முதலாக எரிவாயு விளக்குகள் எரிந்தது இதன் புண்ணியத்தில். சீனர்கள் இந்த வட்டாரத்துக்கு நெருப்பு நகரம் என்றே பெயர் வைத்தார்கள். 1998இல் ஆலை மூடப்பட்டது, உற்பத்தி செனோக்கோவுக்குப் போனது. கல்லாங் ஆற்றோரப் பூங்காவில் ஆலையின் பாகங்களால் ஆன நினைவுச் சிற்பத்தைக் காட்டிவிட்டு, சுற்றிலும் உள்ள வெற்றிடத்தைக் காட்டுங்கள். நகர மையத்துக்கு இவ்வளவு அருகில், ஆற்றங்கரையில், ஏன் இவ்வளவு காலம் வீடு கட்டவில்லை? நிலக்கரியிலிருந்து எரிவாயு எடுத்த ஆலைகள் உலகில் எங்கிருந்தாலும் மண்ணில் தாரும் நச்சுக் கழிவும் விட்டுப்போகும். குடியிருப்புக்கு முன் மண்ணைச் சுத்தம் செய்தாக வேண்டும். பதிலை நீங்களே சொல்லாமல் அவர்களிடமிருந்து வரவிடுங்கள்.

எதிரே விரிந்து கிடக்கும் தண்ணீர் 1977 முதல் 1987 வரை பத்தாண்டு சுத்தம் செய்யப்பட்டது. மேல்நிலத்தில் பன்றிப் பண்ணைகளும் வாத்துப் பண்ணைகளும், கரையில் படகுப் பட்டறைகளும் அகற்றப்பட்டன.

அளவீடுகள், பிழைகள்

பாடநூலில் இருப்பதாலேயே ஓதத்தின் (கடல்மட்டத்தின் அன்றாட) ஏற்ற இறக்கத்தை அளக்கக் கோலோடு வருபவர்கள் உண்டு. 2008இல் மரினா அணைக்கட்டு திறந்தபின் இங்கே ஓதம் இல்லை. இது நீர்த்தேக்கம். ஆரஞ்சுப் பழத்தை மிதக்கவிட்டு 10 மீட்டருக்கு எத்தனை விநாடி என்று பார்க்கும் முறையும் உதவாது. நீரோட்டம் அநேகமாக இல்லை, காற்றுதான் பழத்தைத் தள்ளும். போதாக்குறைக்குக் குப்பை போட்ட குற்றமும் சேரும். நீர் மாதிரி எடுப்பதென்றால் பொதுப் பயனீட்டுக் கழகத்திடமும், பூங்காவில் மண்ணோ செடியோ எடுப்பதென்றால் தேசியப் பூங்காக் கழகத்திடமும் முன்கூட்டியே அனுமதி கேளுங்கள்.

பலன் தருபவை எளியவை. பாதசாரி எண்ணிக்கை: பஃப்ளோ ரோட்டிலும் ஆற்றோரப் பூங்காவிலும் தலா 5 நிமிடம், இருவர் எண்ண வேண்டும், ஒருவர் ஒரு திசைக்கு. இரண்டு இடத்துக்கும் நடுவே இரண்டரை மணி நேரம் ஓடியிருக்கும் என்பதைத் தாளிலேயே எழுதுங்கள். இல்லாவிட்டால் நேரத்தால் வந்த வேறுபாட்டை இடத்தின்மேல் ஏற்றிவிடுவீர்கள். வசதியிருந்தால் குழுவை இரண்டாக்கி ஒரே நேரத்தில் எண்ணுவது மேல்.

மேற்பரப்பு வெப்பம்: அகச்சிவப்பு வெப்பமானியை 0.95 உமிழ்திறனில் (பரப்பு வெப்பக் கதிரை வெளிவிடும் திறன்) வையுங்கள். கருவியில் 12:1 என்று எழுதியிருந்தால் 120 சென்டிமீட்டர் தொலைவில் அது 10 சென்டிமீட்டர் வட்டத்தின் சராசரியைத்தான் காட்டும். கருவி குறிவைக்கக் காட்டும் சிவப்புப் புள்ளியின் வெப்பத்தை அல்ல. ஐந்தடிப் பாதைத் (கடைகளின் முன் உள்ள கூரையிட்ட நடைபாதை) தரை, தார்ச்சாலை, புல், கான்கிரீட் கரை என நான்கிலும் மும்மூன்று அளவுகள். பளபளக்கும் உலோகக் கைப்பிடியில் எடுத்த எண்ணை நம்பாதீர்கள். ஒலி அளவுக்குக் கைப்பேசிச் செயலி போதும், ஆனால் நடை முழுதும் ஒரே கைப்பேசி. இரண்டு கைப்பேசிகளின் எண்களை ஒப்பிட்டால் கைப்பேசிகளைத்தான் ஒப்பிடுகிறீர்கள்.

நிலப்பயன்பாட்டுத் தாளில் கடைவீடுகளின் தரைத்தளத்துக்கும் மேல்தளத்துக்கும் தனித்தனிக் கட்டம் வையுங்கள். கீழே மளிகை, மேலே தங்கும் விடுதி என்பது சிராங்கூன் சாலையில் சர்வசாதாரணம். ஒரே கட்டம் என்றால் மேல்தளம் காணாமல் போகும்.

வெயில், மழை, உரிமம்

தலைக்கு ஒரு லிட்டர் தண்ணீர். வழிகாட்டி வெயிலைப் பார்த்து நிற்க வேண்டும், குழு நிழலில். மைஎன்வி செயலியில் இடி மின்னல் எச்சரிக்கையும் வெப்பத் தகைவு அளவும் பார்க்கலாம். புறப்படுமுன் ஒருமுறை, பெர்சேயில் ஒருமுறை. ஏப்ரல் முதல் நவம்பர் வரை விடியற்காலையில் சுமத்ராப் பக்கமிருந்து வரும் சூறைக்காற்று மழை காலை நடையைக் கலைத்துவிடும். ஆற்றோரப் பூங்கா திறந்தவெளி. மின்னல் எச்சரிக்கை வந்தால் அந்தப் பகுதியை வெட்டிவிட்டு நேரே லெவண்டர் நிலையத்துக்கு நடங்கள். குடை போதாது.

கட்டணம் வாங்கி வழிநடத்துவதாக இருந்தால் சிங்கப்பூர்ப் பயணத்துறைக் கழகத்தின் வழிகாட்டி உரிமம் வேண்டும். ஒலிபெருக்கியைவிடக் காதில் மாட்டும் சிறு கருவிகள் நல்லது. கோயில் வாசலிலும் கடைவாசலிலும் யாரும் முகம் சுளிக்கமாட்டார்கள்.

நடை லெவண்டர் நிலையத்தில் முடியும். வாசமலரின் பெயர் அந்தச் சாலைக்குக் கிண்டலாக வந்தது. சுற்றியிருந்த காய்கறித் தோட்டங்களுக்கு மலம்தான் உரம். இதை நடுவில் சொல்லாமல் கடைசிக்கு வைத்திருங்கள், களைத்த குழுவும் சிரிக்கும். தாள்களை அங்கேயே வாங்கிக்கொள்ளுங்கள்; வீட்டுக்குப் போன தாளில் பாதி திரும்பாது. ஒவ்வொரு படத்துக்கும் எடுத்த இடம், நேரம், கேமரா பார்த்த திசை மூன்றும் அன்றிரவே எழுதப்பட வேண்டும். மறுநாள் பார்த்தால் எல்லாக் கால்வாய்க் கரையும் ஒரே கரைபோலத்தான் இருக்கும்.