தென்காசி பக்கம் கிராமத்துல ஓட்டு வீடு வாங்கறது, வாங்கிட்டு ஊரோட ஒட்டிக்கறது: ஸ்டெப் பை ஸ்டெப்

குத்தாலம் சீசனுக்கு வருஷா வருஷம் லாட்ஜுக்கு கொட்டற காசுக்கு பேசாம ஒரு வீட்டையே வாங்கிப் போட்டுடலாம்னு நினைக்கிற ஆளுங்களுக்காக இந்த போஸ்ட். பண்பொழி பக்கம் ஒரு சின்ன ஊர்ல நாங்க வாங்கினது பழைய ஓட்டு வீடு, கிராம நத்தம், அதாவது ஊருக்குள்ள வீடு கட்டிக்கன்னு ஒதுக்கின நிலம். லோன், பட்ஜெட், புரோக்கர் கமிஷன் பத்தியெல்லாம் எழுதப் போறதில்ல, அது எங்க வாங்கினாலும் ஒண்ணுதான்.

ஸ்டெப் 1: வீட்டுக்கு முன்னாடி தெருவைப் பாருங்க

ஜூன் ஜூலைல சாரல் அடிக்கும்போது போனா எந்த வீடும் சொர்க்கமாத்தான் தெரியும், அதனால மே மாசம் மத்தியானம் ஒரு தடவ போய் நில்லுங்க. மேக்கரை, வடகரைன்னு மலையடிவாரமா போகப் போக விலை குறையும், ஆனா தோப்புக்குள்ள யானை வர்ற பக்கம் அது, தனி வீடு வேணாம், தெருவுக்குள்ள இருக்கற வீடா பாருங்க.

இன்னொண்ணு, இத புரோக்கர் சொல்ல மாட்டாரு. இந்தப் பக்கம் தெருன்னா சாதி. எந்தத் தெருவுல வாங்குறீங்களோ அந்தத் தெரு ஆளாத்தான் ஊரு உங்களப் பாக்கும். டீக்கடைல உக்காந்த உடனே "நீங்க எந்த ஆளுக?"ன்னு சுத்தி வளைச்சு கேப்பாங்க. நான் சொந்த ஊரையும் வேலையையும் சொல்லிட்டு நிறுத்திக்குவேன். மழுப்புறான்னு ஒரு மாதிரி பாப்பாங்க, பாத்துட்டுப் போகட்டும். ஆனா வேலைக்கு ஆள் கூப்பிடறதுலயும் திண்ணைல உக்கார வைக்கறதுலயும் நீங்க தெரு பாக்க ஆரம்பிச்சிட்டீங்கன்னா அப்புறம் ஊரோட ஒட்டினேன்னு சொல்லிக்கறதுல அர்த்தமே இல்ல.

ஸ்டெப் 2: வில்லங்கம் ரெண்டு நம்பருக்கு போடணும்

பட்டா பாக்கறது, மூலப் பத்திரம் ஒரிஜினல் பாக்கறது, வாரிசு சான்று வாங்கறது எல்லாம் உங்களுக்கே தெரியும். நத்தத்துல மாட்டறது வேற இடம்.

நத்தம் நிலவரித் திட்ட சர்வே வர்றதுக்கு முன்னாடி ஒரு தெரு மொத்தமுமே ஒரே சர்வே நம்பர்ல கிடந்திருக்கும். சர்வேல அத வீடு வீடா உடைச்சு புது நம்பர் குடுத்தாங்க. இப்ப உங்க கைல இருக்கற நத்தம் பட்டால இருக்கறது புது நம்பர். பழைய பத்திரங்கள்ல இருக்கறது பழைய நம்பர். புது நம்பர மட்டும் பதிவுத் துறை வெப்சைட் டிஎன்ரெஜிநெட்ல போட்டு தேடினா "வில்லங்கம் ஏதுமில்லை"ன்னு ஜோரா வரும், ஏன்னா அந்த நம்பர்ல யாரும் எதையும் பதிஞ்சதே இல்ல! எங்களுக்கும் அப்படித்தான் வந்துச்சு. தென்காசி வக்கீல் ஒருத்தர்தான் பட்டாவ ஒரு தடவ பாத்துட்டு "பழைய நம்பர் எங்க சார்?"ன்னு கேட்டாரு. பழைய நம்பர் எது, அது எந்தப் புது நம்பரா ஆச்சுன்னு ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல எழுதின பதிவேடு தாலுகா ஆபீஸ்ல இருக்கும். வி.ஏ.ஓ-வ புடிச்சா அவரே பாதி சொல்லிடுவாரு.

பழைய நம்பர்ல போட்டப்ப தெரு மொத்தத்தோட கதையும் கொட்டுச்சு. அதுல நம்ம வீட்ட கண்டுபுடிக்க கதவு எண், நாலு எல்லை, அப்பா பேரு மூணையும் வச்சு ஒவ்வொரு என்ட்ரியா தட்டணும், பொறுமை வேணும். அப்படி தட்டினதுலதான் வித்தவரோட அப்பா அந்த வீட்ட அடுத்த வீட்டுக்காரர்கிட்ட அடமானம் வச்ச பத்திரம் கெடச்சுது. பணத்த எப்பவோ திருப்பிக் குடுத்துட்டாங்க, ஆனா அடமானம் தீந்ததுக்கான ரசீத யாரும் பதியல. அடமானம் வாங்கின பெரியவர் போய்ச் சேந்துட்டாரு, அவர் மகன் அதே பக்கத்து வீட்லதான் இருக்காரு. அவர்கிட்ட போய் நின்னு, அண்ணாச்சி இப்படி இப்படின்னு சொன்னதும், "எங்கய்யா வாங்கிட்டாருல்லா, அதுக்கென்ன, கையெழுத்து போட்டுட்டா போச்சு"ன்னு மறு வாரமே ரிஜிஸ்டர் ஆபீஸுக்கு வந்துட்டாரு. கிரயத்துக்கு சாட்சிக் கையெழுத்தும் அவரேதான். சென்னை வக்கீல வச்சு நோட்டீஸ் அனுப்பியிருந்தா இந்த அண்ணாச்சி ஜென்மத்துக்கும் பேசியிருக்க மாட்டாரு.

ஆன்லைன்ல ஒரு குறிப்பிட்ட வருஷத்துல இருந்துதான் வில்லங்கம் வரும். அதுக்கு முன்னாடி வேணும்னா ஆபீஸ்ல மனு போட்டு கையால தேடச் சொல்லணும். போடுங்க, செலவு பெருசா ஒண்ணும் இல்ல.

அப்புறம் தங்கச்சிங்க. "அவளுக்கெல்லாம் நகை போட்டு கட்டிக் குடுத்தாச்சு, அவ ஏன் வரணும்"னு வித்தவர் சொல்லுவாரு. அப்பா உயில் எழுதாம போயிருந்தா மகள்களுக்கும் சம பங்கு, அவங்க எல்லாரும் பத்திரத்துல கையெழுத்து போடணும் இல்ல விடுதலைப் பத்திரம் எழுதித் தரணும். இதுல மட்டும் யாரு என்ன சொன்னாலும் இளகாதீங்க.

ஸ்டெப் 3: அளக்கறது

லேசர் மீட்டர்னு ஒண்ண வாங்கி காச கரியாக்காதீங்க, வெயில்ல அந்த சிகப்புப் புள்ளி கண்ணுக்கே தெரியாது. 30 மீட்டர் ஃபைபர் டேப் போதும். பழைய பத்திரத்துல அளவு தச்சு முழத்துல இருந்தா பயப்பட வேணாம், ஒரு தச்சு முழம் 33 அங்குலம், அதாவது ரெண்டே முக்கால் அடி. பட்டால சதுர மீட்டர்ல இருக்கும், 40.47 சதுர மீட்டர் ஒரு சென்ட்.

அளக்கும்போது ரெண்டு பக்கத்து வீட்டுக்காரங்களையும் கூப்பிட்டு வச்சுக்குங்க. முடுக்கு (ரெண்டு வீட்டுக்கு நடுவுல இருக்கற சந்து) யாருது, சுவர் பொதுவா தனியா, ஓட்டுத் தண்ணி யாரு பக்கம் வடியுது, இந்த மூணையும் அங்கயே பேசி பத்திரத்துலயும் எழுதிடுங்க. கிராமத்துல பாதி சண்டை முடுக்குலதான் ஆரம்பிக்குது.

ஸ்டெப் 4: அட்வான்ஸ், பதிவு, பேர் மாத்தம்

அட்வான்ஸ் கேஷா கேப்பாங்க. சொத்து விஷயத்துல 20,000 ரூபாயும் அதுக்கு மேலயும் கேஷா கைமாறக் கூடாது, பேங்க் வழியா போடுங்க. பதிவுச் செலவு 2023 ஏப்ரல்ல இருந்து முத்திரை 5, மாற்று வரி 2, பதிவுக் கட்டணம் 2, ஆக 9 சதவீதம். பதிவு முடிஞ்ச கையோட பட்டா, வீட்டு வரி, ஈ.பி மூணும் பேர் மாத்துங்க. வாங்கற ஊரு ஊராட்சியா பேரூராட்சியான்னு முன்னாடியே கேட்டுக்குங்க (பண்பொழி பேரூராட்சி, சுத்தி இருக்கற குட்டி ஊரு பலதும் ஊராட்சி), வரி கட்டற வெப்சைட்டே வேற வேற.

ஸ்டெப் 5: கூரை

மே மாசத்துக்குள்ள முடிச்சிடணும். சீசன் காத்து செங்கோட்டை கணவாய் வழியா அடிக்கற அடிக்கு லூசா கிடக்கற ஓடு ஒண்ணும் நிக்காது. நாட்டு ஓடு அழகு, ஆனா குரங்கு பெரட்டிப் போட்டுட்டுப் போயிடும். நான் சீமை ஓடுதான் (மங்களூர் ஓடு) சொல்லுவேன். கொத்தனார், ஆசாரி ரெண்டு பேரும் அந்த ஊர் ஆளாவே இருக்கட்டும், நாள் கூடுதலா ஆகும், பரவால்ல. நடு ராத்திரி ஓடு விழுந்தா ஏணியோட வரப்போறது அவங்கதான், தென்காசி கான்ட்ராக்டர் இல்ல.

ஸ்டெப் 6: ஊரு

கோயில் கொடைக்கு (திருவிழாவுக்கு) வரி பிரிப்பாங்க. வரி குடுக்கறதுன்னா அந்தக் கோயில்ல உரிமை உள்ள தலைக்கட்டு (குடும்பம்)னு அர்த்தம், வெளியூர்ல இருந்து வந்தவங்களுக்கு அது கெடையாது, நமக்கு நன்கொடைதான். "என்கிட்டயும் வரி வாங்குங்க"ன்னு போய் நிக்காதீங்க, வாங்கணுமா வேணாமான்னு அவங்களுக்குள்ளயே ஒரு பஞ்சாயத்து ஆயிடும். ஒரு தலைக்கட்டுக்கு எவ்வளவுன்னு கேட்டு அதே தொகைய நன்கொடையா குடுங்க. பத்து மடங்கா குடுத்தீங்கன்னா மைக் செட்ல ராத்திரி பூரா உங்க பேர கத்துவாங்க, கேக்க நல்லாத்தான் இருக்கும், அடுத்த வருஷம் மேளத்துக்கு யாரு வீட்டு வாசல்ல வந்து நிப்பாங்கன்னு யோசிச்சுக்குங்க.

கல்யாணத்துக்கு போக முடியலன்னா மொய்ய யார்கிட்டயாவது குடுத்து விட்டா போதும், நோட்டுல ஏறிடும். துட்டி வீடு, அதாவது சாவு வீடு, அப்படி இல்ல, ஆள் போகணும். பந்தல்ல போய் கொஞ்ச நேரம் சும்மா உக்காந்திருங்க, பேசணும்னு ஒண்ணும் இல்ல, கெளம்பும்போது "போயிட்டு வரேன்"னு மட்டும் சொல்லிடாதீங்க. நீங்க சென்னைல இருக்கும்போது நடந்துச்சுன்னா அடுத்த தடவ போனதும் பையை வச்ச கையோட துட்டி கேட்டுட்டு வந்துடுங்க. எனக்கு தெரிஞ்சு வேற எதையும் விட இதுதான் வேலை செய்யுது, அதுக்கப்புறந்தான் தெருவுல பேர் சொல்லி கூப்பிட ஆரம்பிச்சாங்க.

கிராம சபை ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1-ல நடக்கும். அந்த ஊரு ஓட்டர் லிஸ்ட்ல பேரு இல்லன்னா நீங்க சபை உறுப்பினர் கெடையாது, ஓரமா நின்னு கேக்கலாம். தண்ணி எந்தத் தெருவுக்கு எப்ப வருது, குப்பை வண்டி ஏன் வரலன்னு எல்லாம் அங்க தெரிஞ்சிடும்.

அப்டேட்: சும்மா கெடக்கற நாள்ல ஆன்லைன்ல வாடகைக்கு விடலாமான்னு நிறைய பேரு கேட்டிருக்கீங்க. விடலாம், ஆனா சீசன்ல அருவிக்கு வர்ற பசங்க கும்பலுக்கு விட்டீங்கன்னா மறுநாள் காலைல பக்கத்து வயல்ல பாட்டில் ஓடு கெடக்கும், வெறும் கால்ல நாத்து நடறவங்க வயல் அது. நாங்க தெரிஞ்ச குடும்பங்களுக்கு மட்டும், சும்மாவே சாவியக் குடுத்துடறோம்.

அப்டேட் 2: பூட்டின வீட்டுக்கு ஈ.பி பில்லு அதிகமா வருதுன்னு ஒருத்தர் எழுதியிருந்தாரு. மீட்டர் வீட்டுக்குள்ள இருந்தா ரீடிங் எடுக்க வர்றவரு கதவு பூட்டியிருக்குன்னு குறிச்சிட்டு, பழைய கணக்க வச்சு ஒரு தொகைய போட்டுடுவாரு. ரெண்டு மாசத்துக்கு 100 யூனிட் ஃப்ரீ, பூட்டின வீடு அதுக்குள்ளதான் ஓடும், ஆனா ரீடிங் எடுத்தாதான் அது தெரியும். மனு குடுத்து மீட்டர திண்ணைச் சுவத்துக்கு மாத்திடுங்க, மேல ஒரு தகரம் அடிச்சு சாரல் படாம பாத்துக்குங்க.