பழைய மஸ்டாங்கைக் குடும்பமாகப் புதுப்பிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்காவில் எத்தனையோ வீட்டு காரேஜ்களில் அறுபதுகளின் கார் ஒன்று பெட்டி பெட்டியாகக் கிடக்கிறது. வாங்கிய புதிதில் வீடே கூடி நின்று கழற்றியிருப்பார்கள். அப்புறம் பிள்ளைகளுக்குப் பரீட்சை, பெரியவர்களுக்கு ஆபீஸ், வெளியே பனி. எந்த போல்ட் எங்கிருந்து வந்தது என்பது யாருக்கும் நினைவில்லை. இப்படி நின்றுபோவதற்குப் பணத்தட்டுப்பாடு மட்டும் காரணமில்லை, வேலையின் வரிசை தப்பிப்போவதும் காரணம். கார் எவ்வளவு காலம் ஓடும் நிலையில் இருக்கிறதோ அவ்வளவு காலம்தான் வீட்டாரின் ஆர்வமும் தாங்கும். கீழே சொல்லப்போகிற எல்லாவற்றுக்கும் இதுதான் அடிப்படை.

1965 முதல் 1970 வரை வந்த ஃபோர்டு மஸ்டாங்கை வைத்தே சொல்கிறேன். உதிரி பாகம் கிடைப்பதில் அதற்கு ஈடு குறைவு. சில மாடல்களுக்கு முழு பாடியே புதிதாகக் கிடைக்கிறது. மஸ்டாங் பெரிய எஞ்சின் வைத்த 'மசில் கார்'தானா, வெறும் சின்ன ஸ்போர்ட்டி 'போனி கார்' இல்லையா என்று வாதாடுகிறவர்கள் உண்டு. 1967இல் 390 கன அங்குல எஞ்சின் அதில் ஏறிய பிறகு அந்த வாதம் தேவையில்லை என்பது என் எண்ணம்.

பெயிண்டைப் பார்த்து வாங்குவது

பளபளவென்று சிவப்பில் நிற்கும் காரைப் பார்த்ததும் பிள்ளைகள் இதுதான் வேண்டும் என்பார்கள். அந்தச் சிவப்புக்குக் கீழே எத்தனை அடுக்கு பட்டி பூசியிருக்கிறது என்பது தெரிய ஒரு சின்னக் காந்தம் போதும். சக்கர வளைவு, கதவின் அடிப்பகுதி, பின் ஃபெண்டரின் கீழ் ஓரம் ஆகிய இடங்களில் வைத்துப் பாருங்கள். ஒட்டாமல் நழுவினால் அங்கே தகரத்துக்குப் பதில் பட்டிதான் இருக்கிறது.

இந்த மஸ்டாங்கில் இன்னும் முக்கியமான இடம், முன் கண்ணாடிக்குக் கீழே காற்று உள்ளே போகும் துளைகளுக்கு அடியில் இருக்கும் கவ்ல். இரண்டு தகரங்களைச் சேர்த்துச் செய்த பெட்டி மாதிரியான பகுதி அது. மழைநீர் அதற்குள் விழுந்து இரண்டு ஓரமாகவும் வடிந்து போக வேண்டும். இலைதழை அடைத்து, ஈரம் தங்கி, உள்ளே காற்றுவழியைச் சுற்றி நிற்கும் விளிம்பு துருவேறி ஓட்டையாகிவிடும். வெளியே எதுவும் தெரியாது. காரைப் பார்க்கப் போகும்போது ஒருவர் அந்தத் துளைகளில் மெதுவாகத் தண்ணீர் ஊற்றட்டும், இன்னொருவர் உள்ளே படுத்து டேஷ்போர்டுக்கு அடியில் டார்ச் அடித்துப் பார்க்கட்டும். சொட்டுச் சொட்டாகக் கார்பெட்டில் விழுந்தால் கவ்ல் போய்விட்டது, பெரும்பாலும் தரைத் தகரமும் போயிருக்கும். அதைச் சரிசெய்ய ஸ்பாட் வெல்டிங் புள்ளிகளை ஒவ்வொன்றாகத் துளைத்துப் பிரிக்க வேண்டும், புதிதாகக் கற்றுக்கொள்ளும் குடும்பம் தொடங்கக்கூடிய வேலையில்லை அது. பெயிண்ட் வெளுத்து, சீட் கிழிந்து, ஆனால் தகரம் உறுதியாக இருக்கும் காரை வாங்குங்கள். சீட்டை எப்போது வேண்டுமானாலும் தைத்துக்கொள்ளலாம்.

காகிதத்தையும் பாருங்கள். ஒவ்வொரு காருக்கும் உள்ள அடையாள எண்ணான வின் எண்ணின் ஐந்தாவது எழுத்து எஞ்சினைச் சொல்லும்: 1967 மஸ்டாங்கில் 'சி' என்றால் 289 கன அங்குலம், 'எஸ்' என்றால் 390. ஜிடி என்ற ஸ்போர்ட்ஸ் வசதித் தொகுப்போடு வந்த காரா இல்லையா என்பது அந்த எண்ணில் வராது. 1967 முதலான ஃபோர்டு கார்களுக்கு ஃபோர்டின் உற்பத்திப் பதிவுகளை வைத்துத் தரும் மார்ட்டி ரிப்போர்ட் வாங்கினால் தொழிற்சாலையிலிருந்து என்னென்ன வசதியோடு வந்தது என்று தெரிந்துவிடும். ஜிடி என்ற பெயருக்காகக் கூடுதல் விலை கேட்டால் அந்த ரிப்போர்ட் இல்லாமல் பேச்சை முடிக்காதீர்கள். உரிமைப் பத்திரத்தில் இருக்கும் எண்ணும் காரில் இருக்கும் எண்ணும் ஒன்றா என்று பார்ப்பதை எந்தக் காரணத்துக்காகவும் விடக்கூடாது.

ஒரே வாரத்தில் எல்லாவற்றையும் கழற்றுவது

கழற்றுவது குதூகலமான வேலை, அதனால்தான் ஆபத்து. ஒரு பகுதியை எடுங்கள், முடியுங்கள், மாட்டுங்கள், அப்புறம் அடுத்ததைத் தொடுங்கள். முதலில் பிரேக், அடுத்து பெட்ரோல் வரும் பாதை, வயரிங், குளிரூட்டும் அமைப்பு. இடையிடையே தெருமுனை வரையாவது ஓட்டிப் பார்க்க முடியும்படி வைத்திருங்கள். தரைத் தகரம் மாற்ற வேண்டியிருந்தால்தான் இந்த ஒழுங்கை மாற்ற வேண்டிவரும்.

கழற்றுவதிலும் ஒரு முறை இருக்கிறது. முன் ஃபெண்டரை அவிழ்க்கும்போது போல்ட்டுக்கு அடியில் மெல்லிய தகட்டுத் துண்டுகள் இருக்கும், ஷிம் என்பார்கள். ஒரு போல்ட்டில் இரண்டு இருக்கும், அடுத்ததில் ஒன்றுமே இருக்காது. கதவுக்கும் ஃபெண்டருக்கும் நடுவில் இடைவெளி சீராக இருப்பது அவற்றால்தான். எல்லாவற்றையும் ஒரே டப்பாவில் கொட்டினால் பிறகு நாள்கணக்கில் தடுமாற வேண்டும். ஒவ்வொரு போல்ட்டுக்கும் ஒரு சின்னப் பை, அதன் மேல் இடத்தின் பெயர், கழற்றுமுன் ஒரு புகைப்படம். கீல் இருந்த இடத்தைச் சுற்றி ஊசியால் ஒரு கோடு கீறிவிட்டுக் கதவை எடுங்கள். பை ஒட்டுவதும் படம் எடுப்பதும் எட்டு வயதுப் பிள்ளைகூடப் பொறுப்பாகச் செய்யும் வேலை.

புதுப் பாகம் வந்ததும் பழையதைத் தூக்கிப் போடாதீர்கள். இப்போது செய்துவரும் பேனல்கள் எல்லாம் அச்சுப் பிசகாமல் பொருந்துவதில்லை. துளை எங்கே, வளைவு எவ்வளவு என்று ஒப்பிட்டுப் பார்க்கத் துருப்பிடித்த பழைய துண்டுதான் கைகொடுக்கும்.

மஸ்டாங்குக்குத் தனி சேசிஸ் கிடையாது, பாடியேதான் எலும்புக்கூடு. அதே காலத்து ஷெவர்லே ஷெவெல்லும் பாண்டியாக் ஜிடிஓவும் அப்படியில்லை, அவற்றுக்குப் பாடியைத் தாங்கும் தனி இரும்புச் சட்டகம் உண்டு. அதனால் மஸ்டாங்கின் தரையையோ கதவுக்குக் கீழே ஓடும் ராக்கரையோ வெட்டுமுன் கதவு வாசல்களில் குறுக்குக் கம்பிகளை வெல்டிங் செய்து பிணைக்க வேண்டும். இல்லையென்றால் உடல் லேசாகத் தொய்ந்துவிடும். புதுத் தகரத்தைப் பற்றவைத்து முடித்த பிறகுதான் கதவு மூடவில்லை என்பது தெரியும். கூரை மடங்கும் கன்வெர்டிபிளில் இது இன்னும் மோசம்.

பிள்ளையின் கையில் டார்ச்சை மட்டும் கொடுப்பது

அப்பா ஸ்பேனர் பிடிப்பார், பிள்ளை டார்ச் பிடிக்கும். இரண்டாவது மாதம் பிள்ளை காணாமல் போகும். இது பிள்ளையின் குற்றமில்லை. பதினான்கு வயதுப் பெண்ணிடம் கார்புரேட்டரை முழுசாக ஒப்படையுங்கள். பழுதுநீக்கும் கிட்டும் கையேடும் பக்கத்தில் இருக்கட்டும். நேரமாகும், ஒரு கேஸ்கெட் கிழியலாம், பரவாயில்லை. கைப்பொருளாக ஒன்று இருந்தால்தான் அது தன் கார் என்று தோன்றும். ஆகஸ்ட் மாதம் டெட்ராய்ட் பக்கம் நடக்கும் பழைய கார்களின் ஊர்வலமான உட்வர்ட் ட்ரீம் க்ரூஸுக்குள் முடித்தே தீர வேண்டும் என்று வீட்டில் கெடு வைப்பதும் இதே மாதிரி தவறு. அவசரத்தில் எல்லா வேலையும் பெரியவர் கைக்குப் போய்விடும்.

ஆனால் பிள்ளைகளை நெருங்கவே விடக்கூடாத வேலைகளும் இருக்கின்றன, இதில் தாட்சண்யம் வேண்டாம். அந்தக் காலப் பெயிண்டில் ஈயம் இருக்கலாம். கூரையும் பின்புறப் பேனலும் சேரும் இணைப்பில் தொழிற்சாலையிலேயே ஈயம் வைத்து நிரப்பியிருப்பார்கள். அதை உலர்வாகத் தேய்த்தால் தூசி வீட்டுக்குள் வரும். சின்னக் குழந்தையோ கர்ப்பிணியோ இருக்கும் வீட்டில் அந்த வேலையை வெளியே கொடுத்துவிடுவதே நல்லது. பழைய பிரேக் ஷூவில் கல்நார் இருக்கலாம், டிரம்மைக் கழற்றியதும் காற்றடித்துச் சுத்தம் செய்யவே கூடாது, ஈரமாகத்தான் துடைக்க வேண்டும். குளோரின் கலந்த பிரேக் கிளீனர் அடித்த இடம் காயாமல் வெல்டிங் வைத்தால் ஃபாஸ்ஜீன் என்ற நச்சு வாயு வரும். இரண்டு கலவையாக வரும் யூரித்தேன் பெயிண்டில் ஐசோசயனேட் உண்டு, சாதாரண முகக்கவசம் அதற்குப் போதாது. கடைசிப் பெயிண்டை மட்டும் பெயிண்டரிடம் விடுங்கள்.

விடுமுன் எல்லாப் பேனல்களையும் புது ரப்பர் பட்டையோடு மாட்டி, கதவு மூடுகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். புது ரப்பர் தடிமனாக இருந்து கதவு மூடாமல் போவது சகஜம். பெயிண்டுக்குப் பிறகு அதைச் சரிசெய்யப் போனால் பெயிண்ட்தான் பெயரும்.

எஞ்சின் உறுமியதும் மயங்கிப்போவது

புதுப்பித்த எஞ்சினை முதல்முறை இயக்கும்போது எல்லோரும் கையில் போனோடு நிற்பார்கள், ஆக்ஸிலரேட்டரைத் தொடாமல் ஐடிலில் நிறுத்தி அந்தச் சத்தத்தைக் கேட்கத்தான் ஆசை வரும். எஞ்சினின் வால்வுகளைத் திறக்கும் கேம்ஷாஃப்டை, அதன் மேல் உரசும் பழைய பாணித் தட்டையான டாப்பெட்டோடு புதிதாகப் போட்டிருந்தால் அந்த ஆசையை அடக்குங்கள். ஸ்டார்ட் ஆன உடனே 2000 ஆர்பிஎம்முக்கு மேலே கொண்டுபோய், சற்றே ஏற்றி இறக்கி, சுமார் 20 நிமிடம் விட வேண்டும். துத்தநாகம் கூடுதலாக உள்ள ஆயில்தான் வேண்டும். ஐடிலில் ஓடவிட்டால் எண்ணெய் சரியாகத் தெறிக்காமல் கேம் தேய்ந்துவிடும், எஞ்சினைத் திரும்பப் பிரிக்க வேண்டியதுதான்.

1966 வரை வந்த மஸ்டாங்கில், மிதியை அழுத்தும்போது பிரேக் திரவத்தைக் குழாய்களுக்குத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டர் ஒற்றை அறை. எங்காவது ஒரு குழாய் கசிந்தால் நான்கு சக்கரத்துக்கும் பிரேக் போய்விடும். 1967இல் இரட்டை அறை வந்தது. ஒரிஜினலாகவே இருக்க வேண்டும் என்று யார் சொன்னாலும் குடும்பம் ஏறும் காரில் இரட்டை அறை சிலிண்டரைப் போடுங்கள். பெல்ட்டும் அப்படித்தான். அன்றைக்குப் பெரும்பாலும் இடுப்புப் பெல்ட்தான், முன்சீட்டுக்காவது மூன்று முனைப் பெல்ட் பொருத்துங்கள். குழந்தை இருக்கையை மாட்டும் கொக்கி எதுவும் இந்தக் காரில் கிடையாது. அதற்கான உறுதியான பிடிமானத்தைத் தெரிந்த ஆளிடம் கொடுத்துப் போடும்வரை, இருக்கை தேவைப்படும் வயதுப் பிள்ளையை இதில் ஏற்றாதீர்கள்.