பள்ளிக்கூடத்துக்கு ஒரே லாகின்: எங்கெல்லாம் தவறு நடக்கிறது?

ஜூன் முதல் வாரம், பாளையங்கோட்டைப் பக்கம் ஒரு பள்ளி. ஆறு வருடமாக அங்கே வேலை பார்க்கும் டீச்சர் ஒருவர் கம்ப்யூட்டர் ரூமுக்கு வந்து, “தம்பி, நான் போட்ட மார்க்கு பூராவும் காணாமப் போயிட்டு” என்றார். முகம் வெளிறிப் போயிருந்தது. மார்க் எங்கேயும் போகவில்லை. கோடை விடுமுறையில் அவருக்குக் கல்யாணம் ஆகி, இன்ஷியல் அப்பா பெயரிலிருந்து கணவர் பெயருக்கு மாறியிருந்தது. அவர் கேட்டபடி மின்னஞ்சல் முகவரியிலும் அந்த ஓர் எழுத்தை மாற்றிக் கொடுத்தேன். மார்க் மென்பொருளுக்கு டீச்சரைத் தெரியாது, முகவரியைத்தான் தெரியும். புது முகவரியைக் கண்டதும் புது ஆள் என்று எண்ணி ஒரு வெற்றுக் கணக்கைத் திறந்துவிட்டது. இரண்டு கணக்கையும் சேர்த்து வைக்க மென்பொருள்காரர்களோடு மூன்று நாள் பேச வேண்டியிருந்தது.

சிங்கிள் சைன்-ஆன் என்பது புரிந்துகொள்ளச் சுலபமானதுதான். வருகைப் பதிவு, மார்க், சம்பளச் சீட்டு, நூலகம் என்று ஒவ்வொன்றுக்கும் தனி பாஸ்வேர்டு வேண்டாம். கூகுள் அல்லது மைக்ரோசாஃப்ட் கணக்கில் ஒருமுறை நுழைந்தால், “இவர் எங்கள் பள்ளி ஆசிரியர்தான்” என்று அந்தக் கணக்கே மற்ற மென்பொருள்களுக்கு உறுதி சொல்லும். அந்த உறுதிமொழி போகும் வழிகளில் பள்ளிகள் அதிகம் பார்ப்பது இரண்டு: 2005இல் வந்த எஸ்ஏஎம்எல் 2.0, 2014இல் வந்த ஓபன்ஐடி கனெக்ட். இவற்றை அமைப்பது ஒரு மத்தியான வேலை. நான் பார்த்த சிக்கல்களில் பாதிக்கு மேல் ஸ்டாஃப் பட்டியலில்தான் ஆரம்பித்தன.

அந்த டீச்சர் விஷயத்தையே எடுத்துக்கொள்வோம். ஆளை அடையாளம் காண மின்னஞ்சலை மட்டும் நம்பியது என் தவறு. நெல்லைச் சீமைப் பள்ளி ஒன்றில் இரண்டு இசக்கியம்மாள், மூன்று முத்துலட்சுமி இருப்பது சாதாரணம். இன்ஷியல்தான் அவர்களைப் பிரித்துக் காட்டும், அந்த இன்ஷியலோ மாறக்கூடியது. சேரும் அன்றே ஒவ்வொருவருக்கும் ஒரு பணியாளர் எண் கொடுங்கள், அதை எந்நாளும் மாற்றாதீர்கள். மென்பொருள் அனுமதித்தால், ‘இவர் யார்’ என்று சொல்லும் அடையாளப் புலத்தில் (ஃபீல்டில்) மின்னஞ்சலுக்குப் பதில் அந்த எண்ணை அனுப்புங்கள். ஓபன்ஐடி கனெக்ட் வழியில் ‘சப்’ என்ற மாறாத அடையாளம் கூடவே வரும். ஆளை அதை வைத்துத்தான் பிடிக்க வேண்டும் என்று அந்த நெறிமுறையே சொல்கிறது. புதிதாக மென்பொருள் வாங்கும்போது, “முகவரி மாறினால் கணக்கு என்ன ஆகும்?” என்று கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

இதைவிட மோசமான பழக்கம் ஒன்று உண்டு. பிசிக்ஸ், மேத்ஸ்1 என்று பதவிக்குக் கணக்கு வைத்து, வருகிறவர் போகிறவர் கையிலெல்லாம் கொடுப்பது. பழைய சார் போனதும் புது சாருக்கு அதே முகவரி. பழையவர் நுழைந்த எல்லா மென்பொருளிலும் புதியவர் அவராகவே உள்ளே போவார். அவருடைய கடிதங்கள், சம்பள விவரம், மாணவர் குறிப்புகள் எல்லாம் இவர் கண்ணில் படும். ஒரு மார்க் திருத்தப்பட்டால் யார் திருத்தியது என்று சொல்ல முடியாது. 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயதுக்குக் கீழே உள்ள எல்லோரையும் குழந்தை என்றே கருதுகிறது. நம் கையில் இருக்கும் தரவில் பெரும்பகுதி குழந்தைகளுடையது என்பதை ஒவ்வொரு கணக்கையும் திறக்கும்போது நினைத்துக்கொள்வேன்.

வேலையை விட்டுப் போகிறவர்கள் பற்றி. மே மாதம் ஒரு டீச்சர் வள்ளியூர்ப் பள்ளிக்கு மாறிவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். கூகுள் கணக்கை முடக்கியதும் எல்லாக் கதவும் அடைந்துவிட்டது என்று நினைப்பது தவறு. ஒரே லாகின் வருவதற்கு முன் அவர் வைத்திருந்த பழைய பாஸ்வேர்டு மார்க் மென்பொருளில் இன்னும் உயிரோடு இருக்கலாம். போனில் இருக்கும் ஆப் ஏற்கெனவே திறந்த லாகினை வைத்துக்கொண்டு வாரக்கணக்கில் ஓடலாம். அதனால் ஒவ்வொரு மென்பொருளிலும் தனியாகப் போய் அந்தக் கணக்கை நிறுத்துங்கள். எஸ்சிஐஎம், அதாவது பள்ளிக் கணக்கில் செய்யும் மாற்றத்தை மற்ற மென்பொருள்களுக்கும் கொண்டுபோகும் வசதி, இருக்கும் மென்பொருளில் இந்த வேலை தானாக நடக்கும், ஆனால் சிறிய பள்ளிகள் வாங்கும் மென்பொருள்களில் அதை நான் அதிகம் பார்த்ததில்லை. அவசரப்பட்டு கணக்கை அழித்தும்விடாதீர்கள். கூகுளில் அழித்த கணக்கை 20 நாளுக்குள் மீட்கலாம், மைக்ரோசாஃப்டில் 30 நாள். அதற்குப் பிறகு அவர் டிரைவில் வைத்திருந்த வினாத்தாள்களும் போய்விடும். முதலில் முடக்குங்கள், கோப்புகளை ஹெச்.எம். சொல்லும் ஆளுக்கு மாற்றுங்கள், அப்புறம் அழிக்கலாம்.

ஸ்டாஃப் ரூமில் இருக்கும் அந்த ஒரே கம்ப்யூட்டர்தான் எனக்குப் பெரிய கவலை. இடைவேளை பத்து நிமிடத்தில் நான்கு பேர் உட்கார்ந்து எழுந்திருப்பார்கள். மார்க் மென்பொருளில் ‘வெளியேறு’ என்று அழுத்திவிட்டு டீச்சர் நிம்மதியாகக் கிளம்புவார். மென்பொருள் மூடியிருக்கும், ஆனால் அதற்கு உறுதி சொன்ன கூகுள் கணக்கு திறந்தே கிடக்கும். அடுத்து வருகிறவர் ‘கூகுள் மூலம் நுழை’ என்று ஒரு முறை தட்டினால் போதும், முந்தைய டீச்சராக உள்ளே போய்விடலாம். பாஸ்வேர்டே கேட்காது. கூகுளில் இந்தத் திறந்த நிலை வழக்கமாக 14 நாள் இருக்கும். பள்ளியின் கணக்குகளை நிர்வகிக்கும் அட்மின் கன்சோலில் அதைக் குறைக்க வழி உண்டு. நான் அந்தக் கம்ப்யூட்டரில் பிரவுசர் கெஸ்ட் முறையில் மட்டும் திறக்கும்படி அமைத்தேன். ஜன்னலை மூடினால் எல்லாமே மூடிவிடும். தினமும் நுழைய வேண்டியிருக்கிறதே என்று சிலர் வருத்தப்பட்டார்கள். ஒவ்வொருவர் பக்கத்திலும் உட்கார்ந்து, அந்த ஒற்றைத் தட்டலில் என்ன நடக்கிறது என்று செய்து காட்டினேன். அதற்குப் பிறகு யாரும் கேட்கவில்லை.

முதல் நாளே எல்லோருக்கும் பழைய பாஸ்வேர்டை நிறுத்திவிடுவது இன்னொரு தவறு. மூன்று பேரோடு ஆரம்பியுங்கள்: ஒருவர் தொடக்க வகுப்பு டீச்சர், ஒருவர் ஓய்வு பெறப் போகிறவர், ஒருவர் போனிலேயே எல்லாம் பார்க்கும் பி.டி. சார். இவர்கள் இரண்டு வாரம் சிரமம் இல்லாமல் ஓட்டினால் மற்றவர்களுக்குத் திறக்கலாம். எமிஸ், யூடைஸ் போன்ற அரசுத் தளங்களுக்குத் தனி லாகின்தான் என்பதையும் முன்பே சொல்லிவிடுங்கள். “இனி ஒரே பாஸ்வேர்டு போதும்” என்று பிரேயரில் அறிவித்துவிட்டால் அப்புறம் பதில் சொல்லி மாளாது.

டிஜிட்டல் சான்றிதழ் விஷயம் சின்னது, ஆனால் காலை ஒன்பது மணிக்குப் பள்ளி முழுவதையும் வெளியே நிறுத்திவிடும். எஸ்ஏஎம்எல் உறுதிமொழியில் கையெழுத்திடும் சான்றிதழுக்கு ஆயுள் உண்டு: கூகுளில் 5 வருடம், மைக்ரோசாஃப்டில் வழக்கமாக 3 வருடம். முடியும் முன் 60, 30, 7 நாள் இருக்கையில் மைக்ரோசாஃப்ட் எச்சரிக்கை அனுப்பும். ஆனால் அது அமைத்தவரின் முகவரிக்குத்தான் போகும், அவர் வேலையை விட்டுப் போய் இரண்டு வருடம் ஆகியிருக்கலாம். பொது முகவரி ஒன்றைக் கொடுங்கள். மாற்றுவதை மே விடுமுறையில் வையுங்கள், தேர்வு நேரத்தில் வேண்டாம்.

பள்ளிக்குள்ளேயே சர்வர் வைத்திருப்பவர்கள் கடிகாரத்தைக் கவனியுங்கள். உறுதிமொழி சில நிமிடங்களுக்குத்தான் செல்லும். நீண்ட மின்வெட்டுக்குப் பிறகு மதர்போர்டில் இருக்கும் பொத்தான் பேட்டரி தீர்ந்திருந்தால் சர்வர் ஏதோ ஒரு பழைய வருடத்தில் விழித்துக்கொள்ளும், யாராலும் நுழைய முடியாது. நேர மண்டலத்தை மாற்றாமல் மணியை மட்டும் திருப்பி வைத்தால் ஐந்தரை மணி நேரம் பிசகும். இணையத்திலிருந்து தானாக நேரம் எடுத்துக்கொள்ளும்படி விட்டுவிடுங்கள்.

கடைசியாக, அவசரக் கணக்கு. ஒரே லாகின் வழியில் வராத, தனி பாஸ்வேர்டு கொண்ட முழு அதிகாரக் கணக்கு இரண்டாவது ஒன்று வேண்டும். அட்மினின் போன் தொலைந்து ஓடிபி வராமல் போனால் அதுதான் உள்ளே போக வழி. எங்கள் பள்ளியில் அந்த பாஸ்வேர்டையும், கூகுள் தரும் பத்து மாற்றுக் குறியீடுகளையும் அச்சிட்டு உறையில் ஒட்டி ஆபீஸ் பீரோவின் கீழ்த்தட்டில் வைத்திருந்தோம். 2023 டிசம்பர் 17, 18 மழையில் தாமிரபரணி பெருகி, நெல்லை ஜங்ஷன் பகுதியே தண்ணீரில் நின்ற பிறகு அதை மாடியில் கரஸ்பாண்டென்ட் அறைக்கு மாற்றினோம். இப்போது ஒவ்வொரு ஜூனிலும், பள்ளி திறப்பதற்கு முந்தைய நாள், நானும் ஹெச்.எம்.மும் அந்த உறையைப் பிரித்து, உள்ளே நுழைந்து பார்த்து, பாஸ்வேர்டை மாற்றி, தேதி போட்டு மறுபடி ஒட்டுகிறோம். இருவரும் ஒட்டிய இடத்தின் மேல் கையெழுத்துப் போடுகிறோம்.