தணிக்கைத் தடை வந்ததும் அலுவலகங்கள் செய்யும் தவறுகள்

தணிக்கைக் குழு வந்து உட்கார்ந்த மூன்றாம் நாள் ஒரு தாள் மேசைக்கு வரும். ‘40 மேசைகள் வாங்கியதற்கு ஒப்பந்தப்புள்ளி (டெண்டர்) கோராதது ஏன்?’ இதுதான் தணிக்கைத் தடை, அதாவது செலவில் கண்ட குறைக்குத் தணிக்கையாளர் எழுத்தில் கேட்கும் விளக்கம். கேட்டிருப்பது அவ்வளவுதான். யாரும் திருடினார்கள் என்று அதில் எழுதியிருக்காது. ஆனால் மதியத்துக்குள், பட்டியல் (பில்) தயாரித்த உதவியாளர்தான் மாட்டிக்கொண்டார் என்று அலுவலகமே பேச ஆரம்பித்துவிடும்.

இந்த அவசரம்தான் முதல் தவறு. வாங்கலாம் என்று குறிப்பு வைத்தவர் ஒருவர், அதற்கு ஒப்பளிப்பு (செலவுக்கான அனுமதி) தந்தவர் இன்னொருவர். பொருள் வந்ததென்று இருப்புப் பதிவேட்டில் ஏற்றியவரும், பட்டியலைக் கருவூலத்துக்கு அனுப்பிய பணம் பெற்று வழங்கும் அலுவலரும் வேறு வேறு ஆட்கள். தவறு எந்தப் படியில் நடந்தது என்று பார்க்காமல் கடைசிக் கையெழுத்துக்காரரைப் பிடித்தால், முடிவெடுத்தவர் நழுவிவிடுவார். அடுத்த ஆண்டும் அதே தடை வரும்.

மேசை விவகாரத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே கடை, ஒரே தேதி, நான்கு பட்டியல்கள். எண்கள் 211, 212, 213, 214. ஒவ்வொன்றும் ஒப்பந்தப்புள்ளி கட்டாயமாகும் தொகை வரம்புக்குச் சற்றுக் கீழே. ‘தேவை தனித்தனியாக எழுந்தது’ என்று பதில் எழுதினால் யார் நம்புவார்கள்? வரம்பைத் தவிர்க்கத் தேவையைத் துண்டு துண்டாக்கக் கூடாது என்று மத்திய அரசின் பொது நிதி விதிகள் 2017, விதி 157 நேராகவே சொல்கிறது. நடந்ததை ஒப்புக்கொண்டு, விலை சந்தை விலைதான் என்பதற்கும் பொருள் பயன்பாட்டில் இருக்கிறது என்பதற்கும் ஆதாரம் வைப்பதே மேல். நடைமுறை மீறல் அப்போதும் மீறல்தான். ஆனால் அரசுக்கு இழப்பு உண்டா என்ற கேள்விக்காவது பதில் கிடைத்துவிடும்.

இதைவிட மோசமான தவறு, கோப்பைச் ‘சரிசெய்வது’. பக்கம் 47-க்கும் 48-க்கும் நடுவே திடீரென்று ஒரு ‘47-அ’ முளைக்கும். பழைய தேதி போட்ட குறிப்பு. நாட்காட்டியைப் புரட்டினால் அது ஞாயிற்றுக்கிழமை. விளக்கம் கேட்பதோடு முடிந்திருக்கக்கூடிய முறைகேடு, இந்த ஒரு தாளால் ஆவணத்தைத் திருத்திய குற்றமாகிவிடும். விடுபட்ட குறிப்பைச் சேர்க்கத்தான் வேண்டுமென்றால் இன்றைய தேதியிலேயே எழுதுங்கள். தாமதத்துக்குக் காரணத்தையும் அதிலேயே சொல்லுங்கள்.

‘மேலதிகாரி வாய்மொழியாகச் சொன்னார்’ என்பதும் காப்பாற்றாது. மத்திய அரசு ஊழியர் நடத்தை விதிகள் 1964, விதி 3-இன்படி, வாய்மொழி உத்தரவு பெற்றவர் கூடிய விரைவில் அதற்கு எழுத்தில் உறுதி கேட்க வேண்டும். மேலதிகாரியிடம் போய் எழுதிக் கேட்பது சங்கடம்தான், மறுக்கவில்லை. ‘தாங்கள் இன்று அறிவுறுத்தியபடி’ என்று தொடங்கும் இரண்டு வரிக் குறிப்பு அந்தச் சங்கடத்தைப் பாதியாக்கும்.

மாறுதலில் வந்தவர் ‘அப்போது நான் பொறுப்பில் இல்லை’ என்று எழுதித் திருப்புவதும் வழக்கமாகிவிட்டது. கேள்வி பதவிக்கு வந்தது, ஆளுக்கு அல்ல. பொறுப்பு ஒப்படைப்புப் பட்டியலில் நிலுவைத் தடைகளையும் சேர்த்தால் இந்த வாதத்துக்கே இடமிருக்காது.

பதிலே போடாமல் விடுவதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. தடைகளைத் தொகுத்துத் தணிக்கைக் குழு அனுப்பும் ஆய்வறிக்கைக்கு முதல் பதில் தர 4 வாரம். அதையும் தாண்டிக் கிடக்கும் பெரிய தடைகள் வரைவுப் பத்தியாகி (அறிக்கையில் சேர்க்க எழுதும் முன்வரைவு), சிஏஜி எனப்படும் தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் அறிக்கைக்குள் போய், அரசியலமைப்பின் 151-ஆம் பிரிவுப்படி நாடாளுமன்றத்திலோ சட்டமன்றத்திலோ வைக்கப்படலாம். பிறகு அந்த அறிக்கையை ஆராயும் உறுப்பினர்களின் பொதுக் கணக்குக் குழு முன் நின்று விளக்குபவர் துறைச் செயலாளர். மேசை வாங்கிய கோப்பை அவர் அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்ப்பார்.