தெரு வெட்டும் நாட்களைப் படமாகப் பதிவுசெய்வது எப்படி?

கும்பகோணம் போன்ற ஊரில் தெருவில் அடிக்கடி கைவைப்பார்கள். பாதாளச் சாக்கடைக்கு ஒருமுறை, குடிநீர்க் குழாய்க்கு ஒருமுறை, கேபிளுக்கு ஒருமுறை. எல்லாம் முடிந்து மேலே தார். மகாமகம் 2016-ல் வந்தது, அடுத்தது 2028-ல். இப்படிப் பெருவிழா நெருங்கும்போது தெரு வேலைகளும் சேர்ந்தே வரும். வெட்டுவதற்கு முன் இந்த வாசலுக்கு எத்தனை படி இருந்தது, மழைநீர் எந்தப் பக்கம் ஓடியது என்று பிறகு கேட்டால் ஆளுக்கொரு பதில் சொல்வார்கள். தேதி போட்ட படம் இருந்தால் பேச்சு அங்கேயே முடிந்துவிடும். விலையுயர்ந்த கேமரா இதற்குத் தேவையில்லை. ஒரே இடத்துக்குத் திரும்பத் திரும்பப் போகும் பொறுமையும், ட்ரைபாடும், 5 மீட்டர் டேப்பும் இருந்தால் போதும்.

வெட்டுவதற்கு முன்

ஜேசிபி வந்த பிறகு தொடங்கினால் பாதி வேலை போச்சு. சாலையில் சுண்ணாம்புக் கோடோ சிவப்புப் பெயின்ட் அம்புக்குறியோ தெரிந்த அன்றே தெருவை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை எடுத்துவிடுங்கள். ஒவ்வொரு வாசலையும் நேர் எதிரே நின்று எடுக்க வேண்டும். நிலைப்படி, திண்ணை, சாக்கடை மேல் போட்ட கல், சாலையின் விளிம்பு ஆகிய நான்கும் ஒரே சட்டத்துக்குள் வரட்டும். கீழ்ப்படியில் 30 செ.மீ. ஸ்டீல் ஸ்கேலை நிமிர்த்தி வைத்து இன்னொரு படம் எடுங்கள். அவசரத்தில் பலரும் விடுவது இதைத்தான். பின்னால் தேடும்போது முதலில் கேட்கப்படுவதும் இதுதான்.

வேலை விவரப் பலகை வைத்திருந்தால் அதையும் முதல் நாளே எடுத்துவிடுங்கள். சில வாரங்களில் அதன் மேல் ஒரு போஸ்டர் ஏறிவிடும். பலகை இல்லாவிட்டால் 2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி, 10 ரூபாய்க் கட்டணத்தோடு மாநகராட்சியின் பொதுத் தகவல் அலுவலருக்கு எழுதலாம். மதிப்பீடு, வரைபடம், முடிக்க வேண்டிய தேதி மூன்றையும் கேளுங்கள். பதிலுக்கு 30 நாள் அவகாசம் உண்டு என்பதால் மனுவை முதல் வாரமே அனுப்பிவிடுவது நல்லது.

நிற்கும் இடம்

இந்த வேலையின் உயிர் இதில்தான் இருக்கிறது. 300 மீட்டர் நீளத் தெருவுக்கு 8 முதல் 12 இடங்கள் போதும். ஒவ்வோர் இடத்திலிருந்தும் வாரம் ஒருமுறை, அதே லென்ஸில், அதே உயரத்திலிருந்து எடுக்க வேண்டும். லென்ஸ் 35 மி.மீ. பார்வைக்கோணம் தருவதாக இருக்கட்டும். சென்சார் சற்றுச் சிறியதான ஏபிஎஸ்-சி வகைக் கேமராவில் அது 23 அல்லது 24 மி.மீ. செல்போன் என்றால் 1 என்று காட்டும் முதன்மை லென்ஸை மட்டும் பயன்படுத்துங்கள். விரலால் பெரிதாக்கினால் அடுத்த வாரம் அதே அளவைப் பிடிக்கவே முடியாது.

அதே இடத்துக்குத் திரும்ப, சாலையில் பெயின்ட் புள்ளி வைத்தால் அது மண்ணோடு போய்விடும். அருகில் ஒரு பொருளும் தொலைவில் ஒரு பொருளும் ஒரே கோட்டில் வரும்படி பாருங்கள். மாடி ஜன்னலின் இடது விளிம்பு, பின்னால் தெரியும் கோபுரத்தின் மூன்றாம் நிலையைத் தொடுகிறது என்று வைத்துக்கொள்வோம். இதேபோல் தெருவின் மறுபக்கத்திலும் ஒரு ஜோடி வேண்டும். இரண்டு ஜோடியும் ஒரே நேரத்தில் பொருந்தும் இடம் ஒன்றுதான். அடையாளத்துக்கு மின்கம்பம், கடைப் பலகை, நடைமேடை எதையும் நம்ப வேண்டாம்; வேலையில் முதலில் நகர்வது இவைதான். மாடிக் கைப்பிடிச் சுவர், கோபுரம், கோயில் மதில் ஆகியவை நிலைக்கும்.

உயரத்தில்தான் நிறையப் பேர் தவறுவார்கள். ட்ரைபாடைச் சாலையிலிருந்து 150 செ.மீ. என்று வைத்துக்கொண்டால், சாலை உயரும்போது கேமராவும் கூடவே உயரும். இரண்டு படங்களையும் பக்கத்தில் வைத்தால் வீடு இறங்கியதா, கோணம் மாறியதா என்று குழப்பமே மிஞ்சும். அதனால் நிலைப்படியிலிருந்து அளந்துகொள்ளுங்கள். முதல் நாள் நிலைப்படி சாலைக்கு மேல் 60 செ.மீ., கேமரா 150 செ.மீ. என்றால், கேமரா நிலைப்படிக்கு மேல் 90 செ.மீ. இருக்கிறது. புதுத் தார் வந்து நிலைப்படி 45 செ.மீ. ஆகிவிட்டால் கேமராவை 135-க்கு இறக்க வேண்டும். சாலை நடுவில் மேடாகவும் ஓரத்தில் சரிவாகவும் இருப்பதால், கொத்தனாரிடம் டியூப் லெவலை (தண்ணீர் நிரப்பி மட்டம் பார்க்கும் குழாயை) கேட்டு வாங்கி ஒருமுறை பார்த்துக்கொண்டால் இந்த அளவு பிசகாது.

பழைய தாரைச் சுரண்டி எடுத்த பிறகே புது அடுக்கு போட வேண்டும் என்று 2021-ல் தமிழக அரசு அறிவுறுத்தியது, வீடுகள் சாலைக்குக் கீழே போய்விடக் கூடாது என்பதற்காகத்தான். ஒரு தெருவில் அது நடந்ததா என்பதை இந்த 60-ம் 45-ம் சொல்லிவிடும்.

வெளிச்சம்

கிழக்கு பார்த்த கோயிலின் சன்னதித் தெருவில் காலையில் கோயிலைப் பார்த்து நின்றால் வெயில் முதுகுப் பக்கம் இருக்கும். கோபுரமும் தெருவும் துலக்கமாக வரும். மாலையில் அதே இடத்தில் கோபுரம் கருநிழலாகிவிடும். தெற்கு வடக்காக ஓடும் தெருவில் காலையில் மேற்குச் சிறகு (மேற்கு வரிசை) வீடுகளுக்கும் மாலையில் கிழக்குச் சிறகுக்கும் வெளிச்சம் கிடைக்கும். கிழக்கு மேற்குத் தெருவில் பருவமும் சேர்ந்துகொள்கிறது. கும்பகோணம் ஏறக்குறைய 11 பாகை வட அகலாங்கில் இருப்பதால் ஏப்ரல் மூன்றாம் வாரத்திலும் ஆகஸ்ட் நான்காம் வாரத்திலும் உச்சிவெயில் நேர் தலைக்கு மேலே நிற்கும். இடைப்பட்ட மாதங்களில் நண்பகல் சூரியன் வடக்கே சாய்ந்திருக்கும். வடக்குப் பார்த்த வாசல்களுக்கு அப்போதுதான் வெயில். மார்கழியில் நேர்மாறு. ஆகவே ஓர் இடத்துக்கு ஒரு நேரத்தைத் தீர்மானித்து நோட்டில் எழுதிவைத்து, கடைசிவரை மாற்றாமல் பின்பற்றுங்கள்.

வேலை நடக்கும்போது

வாராந்தரப் படங்களைத் தவிர, சில கட்டங்களுக்கு நேரில் போயே ஆக வேண்டும். பள்ளம் வெட்டிய உடனே அதன் சுவரை எடுங்கள். தாருக்குக் கீழே ஜல்லி, அதற்குக் கீழே பழைய தார், செம்மண் கிராவல், செங்கல் சில்லு, கடைசியில் களிமண் என்று தெருவின் வயது அடுக்கடுக்காகத் தெரியும். டேப்பைத் தொங்கவிட்டு, சுவருக்கு நேராகப் படமெடுங்கள். அந்தச் சுவர் காய்ந்துவிட்டால் நிறங்கள் மங்கும். மதியத்துக்குள் குழாய் இறங்கி மண்ணும் மூடிவிடும். பள்ளத்துக்குள் இறங்கவே கூடாது. ஆற்று வண்டல் சொல்லாமல் சரியும், அதிலும் கரையில் மண் குவித்திருந்தால் ஆபத்து இன்னும் அதிகம். விளிம்பிலிருந்து ஒன்றரை மீட்டராவது தள்ளி நின்று, கேமராவை மோனோபாடில் மாட்டி நீட்டி, 2 விநாடி டைமரில் எடுக்கலாம்.

அடுத்தது மண் நிரப்புவது. 20 செ.மீ. போல அடுக்கடுக்காகப் போட்டு, தண்ணீர் தெளித்து இடித்தால்தான் மண் இறுகும். ஒரே மூச்சில் கொட்டி மூடினார்களா, அடுக்காகப் போட்டார்களா என்பதைத் தொடர்ச்சியாக நான்கைந்து படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

தார் போடுவது கடைத்தெருவில் பெரும்பாலும் இரவில் நடக்கும். தெருவிளக்குகள் விநாடிக்கு 100 முறை துடிப்பதால், ஷட்டர் 1/50 அல்லது 1/100 இருக்கட்டும். அதைவிட வேகமாகப் போனால் படத்தில் பட்டைகள் விழலாம். ஒளியுணர்திறனை (ஐஎஸ்ஓ) 3200 வரை ஏற்றத் தயங்க வேண்டாம். புதுத் தார் கன்னங்கரேல் என்று இருப்பதைப் பார்த்து கேமரா ஏமாந்து படத்தை வெளிறச் செய்யும். எக்ஸ்போஷரை 2/3 முதல் 1 படி குறையுங்கள். கலவை லாரியிலிருந்து இறங்கும்போது வெப்பம் 150 பாகைக்குப் பக்கத்தில் இருக்கும். காற்று வரும் திசையில் நில்லுங்கள். ரப்பர்ச் செருப்பு இளகிவிடும் என்பதால் ஷூ போடுங்கள். பகலில் கடப்பாரை, சம்மட்டி வீச்சை நிறுத்திப் பிடிக்க 1/500 வேண்டும். ஜேசிபி ஓட்டுநரின் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் ஒருபோதும் நிற்காதீர்கள்.

சிமென்ட் தூளும் மண்தூசியும் பறக்கும் இடத்தில் லென்ஸ் மாற்ற வேண்டாம். கண்ணாடியை முதலில் ஊதிவிட்டு, பிறகு துடையுங்கள். நேரே துணியை வைத்தால் மணல் கீறிவிடும்.

வாசலில் நடக்கும் வாழ்க்கை

பள்ளம் வந்தால் தெரு நின்றுவிடாது, வேறு வழி தேடிக்கொள்ளும். படம் அங்கே இருக்கிறது. வீட்டுக்கும் சாலைக்கும் நடுவில் போட்ட ஒற்றைப் பலகை. அதன் மேல் ஒரு கையில் பால் தூக்கும் மறு கையில் புடவைக் கொசுவமுமாகக் கடக்கும் பாட்டி. வாசல் தரை போய்விட்டதால் மிஞ்சிய ஒரு முழத் திண்ணை ஓரத்தில் நான்கு புள்ளியில் சுருங்கிய கோலம். பூக்காரம்மாவின் தட்டு பத்தடி தள்ளிப் போயிருக்கும், இஸ்திரி வண்டி சந்துக்குள் ஒதுங்கியிருக்கும். காலை ஐந்தரை முதல் எட்டு வரையும் மாலை பள்ளி விடும் நேரமும் போதும். தேர் ஓடும் வீதி என்றால் தேருக்கு முந்தைய வாரத்தைத் தவறவிடாதீர்கள். மாதக்கணக்கில் கிடந்த பள்ளம் அந்த வாரம் மளமளவென்று மூடப்படும்.

கேட்டுவிட்டு எடுங்கள். முதல் நாள் கேமராவை வெளியே எடுக்காமல், மேஸ்திரியிடமும் டீக்கடையிலும் என்ன செய்யப்போகிறீர்கள் என்று சொல்லிவிடுவது நல்லது. வேலைக்கு வந்தவர்கள் வடமாநிலத்தவர் என்றால் திரையில் படத்தைக் காட்டினால் போதும், மொழி தடையாகாது. அவர்களுக்கு அந்தப் படத்தை அன்றே வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள். ஊரில் இருக்கும் குடும்பத்துக்கு அது போகும். குழாயடியில் குளிப்பவர்கள், பெற்றோர் இல்லாத பிள்ளைகள், திறந்த கதவுக்கு உள்ளே இருப்பவர்கள் வேண்டாம். பயன்பாட்டில் உள்ள சாக்கடைக்குள் பாதுகாப்பில்லாமல் ஆளை இறக்குவது, கையால் மலம் அள்ளுவதைத் தடை செய்யும் 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். அப்படிப் பார்த்தால் முதலில் வேலையை நிறுத்தச் சொல்லுங்கள். படமெடுத்தால் இடமும் நேரமும் தெரியட்டும், தொழிலாளியின் முகம் தெரிய வேண்டாம்.

கோப்புகள்

10 இடம், இடத்துக்கு 2 படம், வாரம் ஒருமுறை என்றால் ஆறு மாதத்தில் 520 படங்கள். 24 மெகாபிக்சல் ரா கோப்பு (கேமரா பதிவுசெய்யும் மூலப் படம்) ஒன்று 30 எம்பி என்று வைத்தாலும் 16 ஜிபிக்குள் அடங்கிவிடும். பெயரை எண்ணாகவே வையுங்கள்: 20260314-07-02 என்றால் மார்ச் 14, ஏழாம் இடம், இரண்டாம் படம். கேமராக் கடிகாரத்தை மாதம் ஒருமுறை செல்போனோடு சரிபாருங்கள். குறிப்பை அன்றிரவே எழுதுங்கள்: தெரு, நோக்கும் திசை, நிலைப்படி உயரம், நடந்த வேலை. இரண்டு ஹார்ட் டிஸ்க்கில் பிரதி, அதில் ஒன்று வேறு வீட்டில். யாருக்காவது வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது டாக்குமென்ட்டாக அனுப்பினால் படம் சுருங்காது.

சாலை போட்டு முடித்த நாளில் நிறுத்திவிடாதீர்கள். ஐப்பசியில் முதல் பெருமழை ஓய்ந்த ஒரு மணி நேரத்துக்குள் அத்தனை இடங்களுக்கும் ஒரு சுற்று போக வேண்டும். மண் சரியாக இடிக்கப்படாத பள்ளம் அப்போதுதான் அமுங்கும். குழாய் போன வழியே நீளமாகத் தண்ணீர் தேங்கி நிற்கும். இரு கரைக்கும் குறுக்கே நூலை இழுத்துப் பிடித்து, நடுவில் ஸ்கேலை நிறுத்தி ஆழம் தெரியும்படி எடுங்கள். பிறகு மண் நிரப்பிய நாளில் எடுத்த அந்த நான்கைந்து படங்களைப் பக்கத்தில் வைத்து, இரண்டையும் சேர்த்து மாநகராட்சி உதவிப் பொறியாளரிடம் கொடுங்கள்.